கல்லறை இல்லாத தீவு

வியன்னா என்று லெனார்ட் சொல்லி வாயை மூடுவதற்குள் கிளெண்டா கையிலிருந்த தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டாள்.

"அங்கே கல்லறைத் தோட்டம் எவ்வளவு பெருசு?" என்று கேட்டாள்.

லெனார்ட் ஓல்ட்ராய்டுக்கு வீட்டில் பொய் சொல்லிப் பழக்கமில்லை. "கொஞ்சம் பெருசுதான்," என்றார். பிறகு, யாரும் கேட்காமலேயே, "உள்ளுக்குள்ளேயே பஸ் ஓடுதாம்," என்றும் சேர்த்துக்கொண்டார்.

கிளெண்டா எழுந்து பாத்திரம் கழுவப் போனாள். வியன்னா அத்தோடு முடிந்தது.

இங்கிலாந்தின் ஸ்கிப்டன் ஊரில் யார் இறந்தாலும் அடக்கம் வரை முன்னின்று நடத்திக் கொடுப்பவர் லெனார்ட்தான். சவப்பெட்டிக் கடை முதலில் கிளெண்டாவின் அப்பாவுடையது. மாப்பிள்ளையாக வந்தவர் கடையையும் சேர்த்து ஏற்றுக்கொண்டார். கறுப்புக் கோட்டும், முன்பக்கம் கோத்த கைகளும், அளந்து வைக்கிற நடையும் அப்போது ஒட்டிக்கொண்டவை. பிறகு உதிரவே இல்லை. ஊரில் அவருக்கு நல்ல மரியாதை. நெடுநாளாகப் படுத்துக் கிடந்து எழுந்தவர்கள் மட்டும் அவர் எதிரே வந்தால் தெருவின் மறுபக்கத்துக்குப் போய்விடுவார்கள்.

அவர்கள் இல்வாழ்க்கையில் குறை என்று ஒன்று இருந்தால் அது திருமண நாள்தான். அந்த நாள் நெருங்கினால் ஊரில் யாராவது கண்ணை மூடிவிடுவார்கள். இருபத்தைந்தாவது வருஷம் உணவகத்தில் சூப்பைக் கொண்டுவந்து வைத்தார்கள், தொலைபேசி வந்தது, லெனார்ட் வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனார். கிளெண்டா இரண்டு பேருக்குமாகச் சொல்லியிருந்த ஆட்டுக்கறியைத் தனியாகத் தின்று முடித்துவிட்டு மழையில் நடந்து வீட்டுக்கு வந்தாள். இன்னொரு வருஷம் ஸ்கார்பரோ கடற்கரைக்குப் போய்ப் பெட்டியைத் திறப்பதற்குள் மேயரின் தாயார் போய்ச் சேர்ந்தார். பெட்டி பூட்டியபடியே திரும்பி வந்தது. இதற்கெல்லாம் கிளெண்டா ஒருநாளும் சண்டை பிடித்ததில்லை. அதுதான் லெனார்டுக்கு உறுத்தல். சண்டை பிடித்திருந்தால் ஏதாவது சமாதானம் சொல்லியிருக்கலாம்.

இது நாற்பதாவது வருஷம். கடைக்கு இரண்டாவது ஆளான நைஜலிடம் சாவியைக் கொடுத்துவிட்டு, கடல் தாண்டி ஐரோப்பாவில் எங்காவது மூன்று நாள், தொலைபேசி இல்லாமல் இருந்துவிட்டு வருவது என்று தீர்மானித்திருந்தார். எங்கே என்பதில்தான் சிக்கல்.

வியன்னாவுக்கு முன்பே பாரிஸ் அடிபட்டுப் போயிருந்தது. சுற்றுலாப் புத்தகத்தில் கோபுரத்தையும் ஆற்றையும் அவர் விறுவிறுவென்று தள்ளிவிட்டு, பெரிய மனிதர்களைப் புதைத்திருக்கும் குன்றின் படத்தில் வந்து நின்றதைக் கிளெண்டா பார்த்துவிட்டாள். ஜெனோவாவை அவரே கெடுத்துக்கொண்டார். சமாதிகளின் மேல் பளிங்கில் சிலை செதுக்கியிருக்கிறார்கள், அழுகிற பெண்ணின் முந்தானை மடிப்புகூடத் தெரியும் என்று சாப்பாட்டு மேசையில் உருகிவிட்டார். ஆம்ஸ்டர்டாமில் ஒரு கல்லறையும் அவர் மனதில் இல்லை. ஆனால் அவர் சொன்ன அதே வாரத்தில் அங்கே சவப்பெட்டிக் கண்காட்சி ஒன்று இருந்தது.

தோற்றுப்போய், "நீயே சொல்லு, கிளெண்டா," என்றார்.

அவள் யோசித்துப் பார்த்து, "வெனிஸ்," என்றாள்.

லெனார்ட் வாயைத் திறக்கவில்லை. ஆனால் வெனிஸில் இறந்தவர்களுக்கென்றே தனித்தீவு ஒன்று இருப்பதும், அவர்களைப் படகில் வைத்துக் கொண்டுபோவதும் அவர் தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும். முகம் காட்டிக்கொடுத்துவிட்டது.

"என்ன இருக்கு அங்கே?"

"ஒண்ணுமில்லையே."

"லென்."

"ஒரு தீவு," என்றார்.

கிளெண்டா அவர் கைமேல் தன் கையை வைத்தாள். "எனக்குப் பெரிய ஆசையெல்லாம் கிடையாதுப்பா. செத்தவங்க யாரும் இல்லாத ஊரா ஒண்ணு பாரு. மூணே மூணு நாள்," என்றாள்.

கோபமில்லாமல் சொன்னாள். அதனாலேயே அது அவருக்குள் ஆழமாக இறங்கியது. இவள் பிறந்ததும் இந்தத் தொழில் நடந்த வீட்டில், வாழ்க்கைப்பட்டதும் இதிலேயே. சலித்துப்போயிருக்கிறாள், இத்தனை காலம் தனக்குத் தெரியாமல் போயிற்றே என்று நொந்துகொண்டார்.

ஊரைக் கண்டுபிடித்துக் கொடுத்தவன் நைஜல். அவன் மைத்துனி போய்வந்த இடம்; குரோவேஷியாக் கடலில், பெயர் நாக்கில் நிற்காத ஒரு குட்டித் தீவு. "அங்கே கல்லறைன்னு ஒண்ணு கிடையவே கிடையாது, மிஸ்டர் ஓல்ட்ராய்ட். பூராவும் பாறையாம், தோண்ட முடியாதாம். யாராவது போயிட்டாங்கன்னா எதிர்க்கரைக்குப் படகுல கொண்டுபோயிடுவாங்களாம்," என்றான்.

"படகிலயா? எப்படிப்பட்ட படகு?" என்று கேட்டார் லெனார்ட். நைஜல் அவரைப் பார்த்த பார்வையில், கேள்வியைத் திரும்ப விழுங்கிவிட்டார்.

தீவு கிளெண்டாவுக்குப் பிடித்திருந்தது. அவருக்கென்று எலுமிச்சம்பழம் அச்சடித்த மஞ்சள் சட்டை ஒன்றும் வாங்கி வந்தாள். லெனார்ட் அதை எல்லாப் பொத்தானையும் போட்டு, ஒரு பெரிய மனிதரின் அடக்கத்துக்குப் புறப்படுகிற முகத்தோடு அணிந்துகொண்டார்.

எதிர்க்கரையிலிருந்து படகில் ஏற்றிப்போனவன் ஆன்டே. கப்பல்களில் சமையல்காரனாக இருந்தவன், ஆங்கிலம் நன்றாகப் பேசினான். தங்கும் வீடும் அவனுடையதுதான். அவன் மனைவி மரிட்சா சமைத்துப் போட்டாள். பின்கட்டில் ஆன்டேயின் வயோதிகத் தகப்பனார் வாசலில் உட்கார்ந்து வலை பின்னிக்கொண்டிருந்தார். என்ன தொழில் என்று கிழவர் மகன் மூலம் கேட்டார். லெனார்ட் சற்றுத் தயங்கி, "மரவேலை," என்றார். கிளெண்டா கடலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

மறுநாள்தான் திருமண நாள். லெனார்ட் கண் விழித்தபோது வெயில் கட்டில்வரை வந்திருந்தது. அவ்வளவு நேரம் அவர் தூங்கியதாக அவருக்கே நினைவில்லை. பக்கத்தில் கிளெண்டா இல்லை. கொஞ்ச நேரத்தில் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு, ஈரக் கையோடு உள்ளே வந்தாள். கடலில் காலை நனைத்துவிட்டு வருவதாகச் சொன்னாள். அவள் நெற்றியில் முத்தமிட்டு வாழ்த்துச் சொல்லிவிட்டு, ரொட்டி வாங்கி வருகிறேன் என்று புறப்பட்டார்.

பின்கட்டைத் தாண்டும்போதே தெரிந்துவிட்டது. அந்தப் புழுக்கத்திலும் ஜன்னல்களைச் சாத்தியிருந்தார்கள். வாசல் பெஞ்சில் நான்கைந்து ஆண்கள் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். இவரைக் கண்டதும் எல்லோரும் எழுந்து கதவை மறைத்து வரிசையாக நின்றார்கள். ஒருவர் மீனைப் பற்றி உரக்கப் பேச ஆரம்பித்தார். வலை பின்னுகிறவர் இல்லை. வலை மட்டும் நாற்காலியில் கிடந்தது.

மரிட்சா கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்தாள். தெரிந்த அரைகுறை ஆங்கிலத்தில், வெங்காயம் நறுக்கினேன், உள்ளே ஒரு சின்னக் கல்யாணம், வேறு ஒன்றுமில்லை என்று சொல்லி அவர் தோளைப் பிடித்துத் தெருப்பக்கம் திருப்பிவிட்டாள்.

லெனார்டுக்கு நெஞ்சு கனத்துப்போயிற்று. விருந்தாளியின் நாள் கெடக் கூடாதென்று சொந்தத் துக்கத்தையே மறைக்கிறார்களே, எப்பேர்ப்பட்ட மனிதர்கள். அதே சமயம் கைகள் நமநமவென்றன. இந்த வெயிலுக்கு ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது. தாடையைக் கட்ட வேண்டும், கைகால்களை நீட்டிவிட வேண்டும். இந்தத் தீவில் அதெல்லாம் யாருக்குத் தெரியும்? கால் தானாக அந்தக் கதவுப் பக்கம் நகர்ந்தது. செத்தவங்க யாரும் இல்லாத ஊர் என்று அவள் கேட்டது காதில் ஒலித்தது. காலைத் திருப்பிக்கொண்டு ரொட்டிக் கடைக்குப் போனார். கிளெண்டாவுக்கு இது தெரியவே கூடாது என்று அந்தக் கடை வாசலில் நின்று உறுதி எடுத்துக்கொண்டார்.

காலை உணவுக்கு உட்கார்ந்ததும் மாதா கோயில் மணி அடித்தது. ஒவ்வொன்றாக, இடைவெளி விட்டு, சாவுக்கு அடிக்கிற அடி. அந்த அடிக்கு என்ன பொருள் என்று உலகத்தில் தெரியாதவர்கள் உண்டென்றால் அது அவர் மனைவியாக இருக்க முடியாது. ஆனாலும் சமாளித்தார்.

"பள்ளிக்கூட மணி," என்றார்.

"ஞாயித்துக்கிழமையா?"

"இங்கே வாரம் வேற மாதிரி."

கிளெண்டா தலையாட்டிவிட்டு ரொட்டியில் வெண்ணெய் தடவினாள். அடுத்து, கறுப்புடை உடுத்திய பெண்கள் கையில் பூவோடு ஜன்னலுக்கு நேராகப் போனார்கள். லெனார்ட் மரிட்சாவின் சொல்லைக் கடன் வாங்கினார்; கல்யாணம் என்றார். கறுப்பிலா என்று கேட்டதற்கு, இந்தப் பக்கத்து வழக்கம் என்றார்.

"அப்ப நாமளும் போய் வாழ்த்திட்டு வரலாமே, லென். நமக்கும் இன்னிக்குத்தானே கல்யாண நாள்," என்றாள் கிளெண்டா.

லெனார்டுக்கு எலுமிச்சம்பழச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. மாப்பிள்ளைக்கு அம்மை போட்டிருக்கிறது, கிட்டே போனால் தொற்றிக்கொள்ளும் என்றார். அம்மையோடு எதற்குக் கல்யாணம் செய்கிறார்கள் என்று அவள் கேட்கவில்லை. அவர் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பாவம் அந்தப் பெண் என்று மட்டும் சொன்னாள்.

அவளை வீட்டுக்குள் வைத்திருந்தால் ஆபத்து என்று, தீவின் மறுகோடியில் இருந்த மேட்டுக்கு ஏறிப் போகலாம் என்றார். தலைவலிக்கிறது, நீ போய்விட்டு வா என்றாள். அவர் தனியே ஏறினார். மேலிருந்து கடல் நாலாபுறமும் நீலமாகத் தெரிந்தது. கூட ஆளில்லாமல் அதை என்ன செய்வது என்று தெரியாமல், கைகளை முன்னால் கோத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிட்டு இறங்கினார். அறையில் அவள் இல்லை. சாயங்காலம் திரும்பி வந்தாள். மெழுகுவர்த்தி வாசனை அடித்தது. எங்கே போனாய் என்று கேட்டார். சும்மா அப்படியே நடந்தேன் என்றாள்.

இரவுச் சாப்பாட்டை மரிட்சா வேப்பமரம் போல் கிளை பரப்பிய ஓர் அத்திமரத்தடியில் போட்டிருந்தாள். நாற்பது வருஷத்தில் முதல் தடவையாகத் திருமண நாள் சூப்பை லெனார்ட் கடைசிச் சொட்டுவரை குடித்தார். மனதுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்த வார்த்தைகளைச் சொல்ல நிமிர்ந்தார். கிளெண்டா கன்னத்தில் கை வைத்தபடி தூங்கிப் போயிருந்தாள்.

அவர் எழுப்பவில்லை. இத்தனை வருஷம் எழுந்து எழுந்து போனோம். இன்று எதிரில் உட்கார்ந்திருக்கிறோம், இவளுக்கு நம்மிடம் பேச ஒன்றும் மிச்சமில்லை என்று நினைத்துக்கொண்டார். மீன் ஆறிப்போயிற்று. அடுத்தவர் வீட்டுத் துக்கத்தில் எத்தனையோ பேருக்குக் கைக்குட்டை எடுத்துக் கொடுத்தவர், தனக்கென்று ஒன்று கொண்டு வரவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தார். எலுமிச்சம்பழச் சட்டையின் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

காலையில் ஊர் திரும்ப வேண்டும். படகு ஆன்டேயினுடையது ஒன்றுதான். துறைக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் போன லெனார்ட், படகைப் பார்த்ததும் நின்றுவிட்டார். பின்பக்கம் நீளமாக ஒன்று, பச்சைத் தார்ப்பாய் போர்த்தி, மேலே வெங்காய மூட்டைகள் அடுக்கிக் கிடந்தது. அது என்னவென்று அவருக்கா தெரியாது? அளவைப் பார்த்தே உள்ளே இருப்பவரின் உயரத்தைக்கூடச் சொல்லியிருப்பார்.

திரும்பிப் பார்த்தார். கிளெண்டா இன்னும் மேலே வீட்டு வாசலில்தான் இருந்தாள். மரிட்சா அவளைக் கட்டிக்கொண்டு விடாமல் அழுதுகொண்டிருந்தாள். இரண்டு நாள் பழக்கத்துக்கு இவ்வளவு பாசமா என்று லெனார்ட் வியந்தார். ஆனால் வியக்க நேரமில்லை. ஆன்டேயின் அருகே போய்த் தொப்பியைக் கழற்றினார். தொழிலுக்குப் பேசுகிற குரல் தானாக வந்தது.

"உங்க அப்பாவுக்காக நான் ரொம்ப வருத்தப்படுறேன், தம்பி. எனக்கு நேத்திக்கே தெரியும். நீங்க இதை மூடி வெச்சது பெரிய மனசு. ஒரே ஒரு உதவி. என் மனைவியை முன்பக்கம் உட்கார வெச்சிடுங்க. உள்ளே என்ன இருக்குன்னு அவளுக்கு மட்டும் தெரிஞ்சிடக் கூடாது."

ஆன்டே கயிற்றை அவிழ்ப்பதை நிறுத்திவிட்டு, அவரையும் மேலே நின்ற கிளெண்டாவையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு ஒன்றும் புரியாதவனாக மெதுவாகச் சொன்னான்:

"அவங்களுக்கா, ஐயா? எங்கப்பாவைக் குளிப்பாட்டி, சவரம் பண்ணி, டை கட்டி, நேத்தெல்லாம் பக்கத்துலயே இருந்து பெட்டில வெச்சதே அவங்கதானே. உங்களுக்குத்தான் தெரியக் கூடாதுன்னு ஊர் பூரா சொல்லி வெச்சாங்க, பொணம்னா உங்களுக்கு ரொம்பப் பயமாம், கண்ணால பார்த்தாலே மயங்கி விழுந்துடுவீங்களாம்."