போல்ட் போட்ட நாற்காலி

நான் ஒரு முடிவு எடுத்தால் எடுத்ததுதான். காசிமிர் வோய்ட்டோவிச் சொன்னால் எங்கள் பஃபலோ ஊரில் நாலு பேர் கேட்பார்கள். அந்த நாலு பேரில் என் மனைவி பெர்னீஸ் சேர்த்தி இல்லை. வீட்டை விற்பது அவள் முடிவு. மாடிப்படி ஏற முடியவில்லையாம், படியில்லாத சின்ன வீடு ஒன்றும் பார்த்துவிட்டாள். சரி, போகட்டும். என் முடிவு வேறு: நான் எங்கே போனாலும் என் நாற்காலியும் வரும்.

அது சாதாரண நாற்காலியா? மூடிப்போன ஒரு சலூனில் வாங்கியது. சிவப்புத் தோல், கால் வைக்கப் பித்தளைத் தட்டு. பிடியை அழுத்தினால் உயரும், சாய்த்தால் சொர்க்கம். ஹாலுக்கு நட்டநடுவில் அதில் உட்கார்ந்து ஃபுட்பால் பார்க்கும்போது நான்தான் இந்த நாட்டுக்கே ராஜா. பெர்னீஸுக்கு அதைக் கண்டாலே ஆகாது. குப்பை வண்டி வருகிற ஒரு நாளில் அதைத் தெருவோரத்துக்குத் தள்ளப் பார்த்தாள். நல்ல கனம், வாசல்வரைதான் போயிற்று. அன்றைக்கே தரையைத் துளைத்து, விரல் தடிமனுக்கு போல்ட் போட்டு இறுக்கிவிட்டேன்.

"இப்பத் தள்ளு பாப்போம்" என்றேன்.

சிரித்துக்கொண்டே பியரோகிக் கொழுக்கட்டை வேகவைக்கப் போய்விட்டாள். அவள் சிரித்தால் நான் பயப்பட வேண்டும். கல்யாணமாகி இத்தனை வருஷமாகியும் இது என் மண்டையில் ஏறவில்லை.

வீட்டுக்கு ஆள் கிடைத்தது. தரகர் எழுதிய ஒப்பந்தத்தில் இரண்டு பக்கமும் கையெழுத்துப் போட்டோம். எங்கள் ஊரில் அதோடு முடியாது. இரண்டு பக்க வக்கீல்களும் அதைப் படித்து, சில நாளைக்குள் இதைச் சேர், அதை எடு என்று சொல்லலாம். அதற்குள் சொல்லாவிட்டால் போச்சு.

"என்னங்க, வக்கீலம்மா போன்ல இருக்காங்க. உங்ககிட்ட பேசணுமாம்."

"எனக்கு எதுக்குடி வக்கீல்? காலமெல்லாம் தபால் ஆபீஸ்ல இருந்தவன். நான் பாக்காத காகிதமா?"

"நீங்க பாத்தது உறையைத்தானே. உள்ள இருந்ததையா படிச்சீங்க?"

"மேட்ச் ஓடிட்டிருக்கு. நீயே பேசிக்கோ."

"அப்புறம் என்னைக் குத்தம் சொல்லக் கூடாது."

"சொல்ல மாட்டேன். பாரு, உன்னால பந்தை விட்டுட்டான்."

வீடு கைமாறும் நாள் வந்தது. கையெழுத்துக்குப் போகுமுன் வாங்குகிறவர் கடைசியாக ஒருமுறை வீட்டைச் சுற்றிப் பார்ப்பது வழக்கம். வாங்குகிறவர் எஃப்ரேன் உள்ளே வந்தபோது நான் ஸ்பேனரோடு நாற்காலிக்கு அடியில் படுத்திருந்தேன்.

"சார், அடியில எதையாவது தொலைச்சிட்டீங்களா?"

"இல்ல தம்பி. என் நாற்காலியக் கழட்டுறேன்."

"ஐயோ, அதுக்காகத்தானே இந்த வீட்டையே எடுத்தேன்."

படுத்த வாக்கிலேயே எங்கள் வக்கீலம்மா ஃபைஃபருக்குப் போன் போட்டேன்.

"அம்மா, என் நாற்காலிய இந்தத் தம்பி கேக்குறார். நறுக்குன்னு நாலு வார்த்தை சொல்லுங்க."

"தரையில போல்ட் போட்டதா?"

"ஆமா. பூகம்பமே வந்தாலும் அசையாது."

"அப்ப அது வீட்டோட சேந்துபோச்சு. மேசை, கட்டில்னா நீங்க தூக்கிட்டுப் போகலாம். தரையில இறுக்கினதெல்லாம் வாங்குறவருக்கு. வேணும்னா ஒப்பந்தத்துல தனியா எழுதியிருக்கணும்."

"எழுதியிருக்க வேண்டியதுதானே? உங்கள எதுக்கு வச்சிருக்கோம்?"

"அதைக் கேக்கத்தான் அன்னிக்குப் போன் பண்ணேன். எதையாவது எடுத்துட்டுப் போறீங்களான்னு கேட்டேன். ஒண்ணுமில்லன்னாங்க உங்க வீட்டம்மா. 'நீயே பேசிக்கோ'ன்னு பின்னாலேர்ந்து நீங்க கத்தினதும் என் காதுல விழுந்துச்சே."

"இப்ப மாத்த முடியாதா?"

"அவர் சம்மதிச்சா மாத்தலாம். அவரைக் கேக்காம கழட்டினீங்கன்னா கையெழுத்துப் போட மாட்டார். இது நின்னா நீங்க வாங்குற வீடும் நின்னுடும்."

எழுந்து உட்கார்ந்தேன். "தம்பி, பெரிய மனசு பண்ணுங்களேன்."

"மன்னிச்சுக்கோங்க சார். நான் முடி வெட்டுறவன். வீட்டுலயே கடை வைக்கணும்னு ரொம்ப நாளா ஆசை. உங்க வீட்டு அக்காதான் நான் வேலை பாக்குற சலூனைத் தேடி வந்து, வீடு வாங்கினா நாற்காலி சும்மான்னு சொன்னாங்க."

அக்கா கோட்டை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். முகத்தில் அதே சிரிப்பு. எனக்கு அழுகையே வந்துவிடும்போல் இருந்தது. போல்ட்டை நானே திரும்ப இறுக்கினேன்.

"எப்பவாவது வந்து இதுல கொஞ்ச நேரம் உக்காந்துட்டுப் போகலாமா தம்பி?"

"தாராளமா வாங்க சார். முடி வெட்டிக்க வர்றவங்க யார் வேணா உக்காரலாம்."

பெர்னீஸ் என் கம்பளிக் குல்லாயை எடுத்து வந்து, என் வழுக்கையை மூடிக் காதுவரை இழுத்துவிட்டாள்.

"அதுக்குத் தலையில ஏதாவது இருக்கணுமேங்க. வாங்க, போலாம்."