நாலரை அடி ஆடு

“நாலரை அடிக்கு இன்னா நைனா ஆடு அது?”

“ராஜஸ்தான் ஆடு.”

“ஒசரம் சொல்றியா, நீளம் சொல்றியா?”

“படுத்தா நாலரை அடி.”

“படுத்தாலும் நின்னாலும் ஆடு ஒரே நீளந்தான நைனா. நின்னா இன்னா, சுருங்கிக்குமா?”

சௌக்கத் அலி கையில் இருந்த அளவு நாடாவை விட்டார். அது சர்ரென்று சுருண்டு தன் கூட்டுக்குள் போய் ஒளிந்துகொண்டது. தனக்கும் அப்படி ஒரு கூடு இருந்தால் தேவலாம் என்று வல்லரசுவுக்குத் தோன்றியது.

ஏனென்றால் அது ஆடு இல்லை. பன்றி. எண்ணூர்ப் பக்கம் பன்றி வளர்க்கிற மண்ணாங்கட்டி என்பவரிடம் ஞாயிற்றுக்கிழமைக்குச் சொல்லிவைத்தாகிவிட்டது. மகள் சிவந்திக்கு ரயில் எஞ்சின் ஓட்டுகிற வேலை கிடைத்து, பேசின் பிரிட்ஜில் சேரப்போகிறாள். வேலை கிடைத்தால் முழுப் பன்றி சுடுவேன் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தார்.

வல்லரசு துறைமுகத்தில் கன்டெய்னர்களைக் கட்டுகிற வேலையில் இருந்தார். போன வருடம் ஒரு கப்பலின் மேல்தளத்தில் பிலிப்பைன்ஸ்காரர்கள் பன்றி சுடுவதற்கென்றே ஒரு பெட்டி வைத்திருந்ததைப் பார்த்தார். வெளியே பலகை, உள்ளே தகடு. பெட்டிக்குள் நெருப்பே இல்லை. கரி முழுக்க மூடியின் மேல் கனிந்துகொண்டிருந்தது. கீழே இருட்டில் பன்றி பேசாமல் படுத்துக்கிடந்தது, தன்னைப் பற்றி மேலே யாரோ பேசுவதைக் கேட்டுக்கொண்டிருப்பதுபோல. அவருக்கு ஒரு துண்டு கொடுத்தார்கள். தோல் அப்பளம் மாதிரி நொறுங்கியது. அன்றிலிருந்து அந்தப் பெட்டி அவருடைய கனவில் மிதந்துகொண்டிருந்தது.

அதே மாதிரி ஒன்றைச் செய்யத் தகடு வேண்டும். தகடு என்றால் சௌக்கத் அலி. திருவொற்றியூரில் இருவரும் ஒரே தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்கள். அதை மூடிய பிறகு ஒருவர் துறைமுகத்துக்குப் போனார், மற்றவர் தண்டையார்பேட்டையில் தகரப் பட்டறை வைத்தார். வல்லரசு வீட்டு டிரங்குப் பெட்டி, அரிசி டிரம், கூரைத் தகரம் எல்லாம் அவர் கைபட்டவைதான். வேறு பட்டறைக்குப் போனால் சாயங்காலத்துக்குள் சௌக்கத் அலிக்குத் தெரிந்துவிடும். முகம் வாடிப்போவார்.

ஆனால் பன்றி என்ற சொல்லை வல்லரசு இத்தனை வருடத்தில் அவர் முன்னால் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. வீட்டில் அந்தக் கறி வெந்தால் தெருப்பக்கத்து ஜன்னலைச் சாத்திவிடுவார்கள். ஒருமுறை அது அடுப்பில் இருக்கும்போது சௌக்கத் அலி வந்துவிட, “காத்தாட நிக்கலாம் வா மாமு” என்று வாசலிலேயே நிறுத்தி, கொட்டுகிற மழையில் இரண்டு பேரும் நனைந்துகொண்டே பேசினார்கள். பக்ரீத்துக்கு அங்கிருந்து கறி வரும். பொங்கலுக்கு இங்கிருந்து பானையோடு போகும். அப்படி ஒரு சிநேகிதத்தில் ஒரு சொல் விழுந்து கீறல் பட்டால் என்ன செய்வது?

“பெட்டிய பண்ணிடலாம்” என்றார் சௌக்கத் அலி. “ஆட்ட யார் அறுக்கறது? என் மச்சான் யாசின அனுப்பறேன். ஓதி அறுத்துட்டான்னா நாங்களும் வந்து துன்னலாமே?”

“இல்ல மாமு... அது ஆத்தாளுக்கு நேந்துவுட்ட ஆடு. சிவந்தி வேலைக்காண்டி. சாமிக்குப் படைச்சத நீங்க துன்ன மாட்டீங்களே.”

“ஓ, நேத்திக்கடனா?” சௌக்கத் அலி அவரையே கொஞ்ச நேரம் பார்த்தார். “வேற ஒண்ணியும் இல்லியே?”

“வேற இன்னா கீது?”

“சரி, வுடு.”

வீட்டுக்கு வந்து வல்லரசு தன் சாமர்த்தியத்தைச் சொன்னார். மனைவி செங்கொடி முறத்தை வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

“பன்னிக்காக ஆத்தா மேல பொய் சொன்னியா?”

“அவரு மனசு நோவக் கூடாதுன்னு சொன்னேன்.”

“அப்பா, பன்னின்னு சொல்லிட்டா இன்னாப்பா ஆயிடும்?” என்றாள் சிவந்தி.

“ஒனக்குத் தெரியாது கண்ணு. அவங்களுக்கு அது ஆகாது.”

“துன்றதுதான் ஆகாது. காதுல கேக்கறதுமா?”

வல்லரசுவுக்குக் கோபம் வந்தது.

வியாழக்கிழமை பெட்டி மூன்று சக்கர மீன்பாடி வண்டியில் வந்து இறங்கியது. சௌக்கத் அலியே ஓட்டுபவர் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். பார்க்க ஒரு குட்டிக் கப்பல்போல இருந்தது. மூலைகள் கச்சிதம். உள்ளே ஸ்டீல் தகடு கண்ணாடியாக மின்னியது. கொழுப்பு வடிய அடியில் ஆழமாக ஒரு தட்டு. எல்லாவற்றுக்கும் மேல் மூடியின் நடுவில், ஒரு முழ நீளத்துக்குத் தகட்டைத் தட்டித் தட்டி எழுப்பிய சூலம்.

“பட்டறைக்கு எதுத்தாப்ல கீற கோயில்ல பாத்துகினு வந்து போட்டேன். சோக்கா கீதா?”

“மாமு...” வல்லரசு சூலத்தை விரலால் தடவினார்.

சௌக்கத் அலி போகாமல் நின்றார். ஏதோ சொல்வான் என்று காத்திருப்பதுபோல ஒரு நிற்றல். டீ வந்தது. குடித்தார். இன்னும் கொஞ்சம் நின்றார். பிறகு போய்விட்டார்.

செங்கொடி மூடியைப் பார்த்தாள்.

“கரிய எங்க கொட்டுவ?”

“மூடி மேலதான்.”

“சூலத்து மேல?”

வல்லரசு மூடியைக் குப்புறத் திருப்பிப் போட்டார்.

“ஆத்தா தலையில நெருப்பக் கொட்டி, அடியில பன்னிய வேக வைக்கப் போற. பொண்ணு எஞ்சின் ஓட்டப்போறா. நல்லாத்தான் வெளங்கும்!”

சுத்தியலால் தட்டிச் சமமாக்கலாம் என்று வல்லரசு ஒரு கணம் நினைத்தார். சூலத்தைச் சுத்தியலால் அடிப்பதா? அதுவும் நண்பன் செய்துகொடுத்த சூலத்தை? மறுநாள் காலை மூடியைத் தோளில் வைத்துக்கொண்டு பேருந்தில் ஏறினார். சூலம் வெளியே தெரிய இருந்ததால் இரண்டு பெண்கள் எழுந்து இடம் கொடுத்தார்கள். ஒரு பெரியவர் மூடியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

“மாமு, ஆத்தா கனவுல வந்துட்டா” என்றார் பட்டறைக்குள் நுழைந்ததும்.

“வந்து?”

“சூலம் வாணாமாம். படையலே வாணாமாம். பொண்ணு நல்லா இருந்தா போதும்னுட்டா.”

“ரொம்ப நல்ல ஆத்தாவா கீறாளே.” சௌக்கத் அலி மூடியை வாங்கித் திருப்பிப் பார்த்தார். “சாதா மூடி சாயங்காலம் தரேன். அப்ப இது இனிமே சாமி ஆடு இல்ல. சாதா ஆடு.”

“ஆமா.”

“அப்ப யாசின் வந்து அறுக்கலாம். நாங்களும் வரலாம்.”

பட்டறையில் யாரோ தகடு வெட்டும் சத்தம் வல்லரசுவின் பல்லில் கூசியது. ஒரு பொய்யைச் சாத்துவதற்கு இன்னொரு பொய் வேண்டும், அதைச் சாத்துவதற்கு இன்னொன்று. கடலோரத்தில் அலைக்குப் போட்ட பாறைகள் மாதிரி, போடப்போட அலை வேறு பக்கம் அரிக்கிறது. வாய் அவரைக் கேட்காமல் திறந்தது.

“வர முடியாது மாமு. சிவந்திக்கு அம்மை.”

தகடு வெட்டும் சத்தம் நின்றுபோனதுபோல இருந்தது.

“எப்பத்துலர்ந்து?”

“இன்னிக்குக் காலையில. விருந்தெல்லாம் இல்ல. வூட்டாண்ட யாரும் வரக் கூடாது.”

சௌக்கத் அலியின் முகம் மாறியது. கவலையா வருத்தமா என்று பிரித்துச் சொல்ல முடியாத முகம். “கொழந்தைய பாத்துக்கோ” என்று மட்டும் சொன்னார். “விருந்து இல்லன்னா சாதா மூடி எதுக்கு?” என்று கேட்கவில்லை. சாயங்காலம் மூடி வந்து சேர்ந்தது.

செங்கொடி அன்று கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. வெளியே போய் ஒரு கொத்து வேப்பிலை ஒடித்துக்கொண்டு வந்தாள்.

“இது எதுக்கு?”

“ஒரே வாரத்துல ஆத்தாள மூணு தபா பொய்சாட்சிக்கு இட்டாந்துட்ட. அம்மைன்னு சொல்லிட்டு வேப்பலை கூட கட்டலன்னா, மெய்யாலுமே வந்து நிப்பா. அப்பால பொண்ணு வேலைக்குப் போன மாதிரிதான்.”

நிலைப்படியில் வேப்பிலை தொங்கியது.

ஞாயிறு காலை பன்றி வந்தது. மஞ்சளும் மிளகும் பூண்டும் அரைத்துத் தடவி, பெட்டிக்குள் படுக்கவைத்து, மூடியை வைத்து மேலே கரியைப் பரப்பினார்கள். வல்லரசு விசிறியபடி பின்கட்டில் உட்கார்ந்திருந்தார். கரி மெல்ல மெல்லச் சிவந்து, சூரியன் கடலில் இறங்கும் நேரத்து வானம்போல ஆனது. உள்ளே கொழுப்பு சொட்டுகிற சத்தம் கேட்டது. கப்பலில் கேட்ட அதே சத்தம். அவருக்குக் கண் கலங்கியது. புகைதான் காரணம் என்று சிவந்தியிடம் சொன்னார்.

பதினோரு மணிக்கு வியாசர்பாடியில் இருந்து செங்கொடியின் தம்பி குடும்பம் ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கியது. வாசலைப் பார்த்தது. அதே ஆட்டோவில் ஏறியது.

போன் அடித்தது.

“மாமா, இன்னா மாமா, அம்மை போட்டுக்கீற வூட்ல கறி விருந்துன்னு கூப்பிட்ட?”

“அம்மை இல்லடா! சும்மா கட்னது!”

“சும்மா யாராச்சும் வேப்பலை கட்டுவாங்களா? இல்லன்னு சொல்லாத மாமா, ஆத்தா கோச்சுக்குவா. எளநி குடு பாப்பாவுக்கு.”

செய்தி அவரிடமிருந்து எல்லாருக்கும் போனது. சிவந்தியோடு பரீட்சை எழுதிய தோழிகள் தெருமுனை வரை வந்து திரும்பிப்போனார்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள் மதில் மேல் எட்டிப் பார்த்து, அம்மை வீட்டில் கறி வாசனையா என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். வல்லரசு ஓடிப்போய் வேப்பிலையை அவிழ்க்கக் கை வைத்தார்.

“பொண்ணுக்குத் தண்ணி ஊத்தாம அவுத்தியானா கை வெளங்காது” என்றாள் செங்கொடி.

கையை எடுத்துக்கொண்டார்.

இரண்டு மணிக்குக் கரியைத் தள்ளி மூடியைத் தூக்கினார்கள். பன்றி பொன்னிறத்தில் இருந்தது. தோல் முழுவதும் சின்னச் சின்னதாகப் பொரிந்து, வெயில் பட்ட தண்ணீர்போல மின்னியது. கப்பல்காரர்களுடையதைவிட அழகாக இருந்தது. இவ்வளவு பெரிய வெற்றியை இவ்வளவு அமைதியில் அவர் பார்த்ததில்லை. மூன்று பேர், ஒரு முழுப் பன்றி. யாரிடமாவது காட்ட வேண்டும் என்று இருந்தது. யாரிடம் என்று யோசித்தபோது பெட்டி செய்தவரின் முகம்தான் வந்தது. மூடியைத் திரும்ப வைத்துவிட்டு அதன் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“பேஜாரா கீது கண்ணு” என்றார்.

சிவந்தி இடுக்கியை எடுத்து, தரையில் சிதறிய கரித் துண்டுகளைப் பொறுக்கினாள்.

அப்போது வீட்டுக்குள் செருப்புச் சத்தம் கேட்டது. வேப்பிலையை விலக்கிக்கொண்டு ஒருவர் நேராகப் பின்கட்டுக்கே வந்துவிட்டார். சௌக்கத் அலியின் மனைவி காத்தூன் பீவி. இரண்டு கையிலும் இளநீர்க் குலை.

வல்லரசு எழுந்து, பெட்டியை மறைத்துத் துண்டை அகலமாக விரித்தபடி நின்றார். காளை மாட்டின் முன்னால் நிற்பவரைப் போல.

“ஒடம்பு எப்டிம்மா கீது?” என்றாள் காத்தூன் பீவி.

“நல்லா கீது அத்த” என்றாள் சிவந்தி. அவள் முகத்தில் ஒரு பொட்டுக் கொப்புளம்கூட இல்லை. கையில் இடுக்கி இருந்தது.

“எறங்கிட்ச்சு தங்கச்சி” என்றார் வல்லரசு. “காலையிலதான் எறங்கிச்சு. இது... பின்னால கீறது... சும்மா, துணி காய வைக்கற பெட்டி.”

துணி காய்கிற வாசனை தெரு முழுக்க அடித்தது.

காத்தூன் பீவி இளநீரைச் செங்கொடி கையில் கொடுத்தாள். முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். கோபப்படுவாள் என்று வல்லரசு காத்திருந்தார். அவள் குரலைத் தாழ்த்தினாள்.

“அண்ணே, மண்ணாங்கட்டிக்குப் பன்னிக் கூண்டு அடிச்சுக் குடுக்கறதே எங்க வூட்டுக்காரருதான். நீ அளவு சொன்னப்பவே அது எந்தப் பன்னின்னு கூட அவருக்குத் தெரியும். இன்னிக்காச்சும் சொல்லுவான், இன்னிக்காச்சும் சொல்லுவான்னு ஒவ்வொண்ணா கேட்டுப் பாத்தாரு. இத்தினி வருசம் பழகி நம்மள இவ்ளோதான் நெனச்சுகினு கீறானான்னு ரெண்டு நாளா சோறு எறங்கல. இப்போ தெருமொனையில ஆட்டோல குந்திகினு கீறாரு, உள்ள வந்தா நீ இன்னொரு பொய் சொல்லணுமேன்னு வர மாட்டேன்றாரு. ஒன் கால்ல வேணா வுழறேன், போயி ஒரே ஒரு தபா அவராண்ட ‘பன்னி’ன்னு சொல்லிட்டு வாண்ணே.”