மாமாவின் காருக்கு நான் ரேடியேட்டர் மாற்றினேன்

“எனக்குத் தெரியாது” என்று வாய்விட்டுச் சொல்ல எனக்கு முப்பத்தெட்டு வயது ஆனது. அதுவரை யார் எதைப் பற்றிக் கேட்டாலும் என்னிடம் பதில் இருக்கும். மிக்ஸி ஓடவில்லையா, நான் திறந்து பார்ப்பேன். (அதற்குப் பிறகு அது ஒருநாளும் ஓடாது.) டிப்ளமோவில் மெக்கானிக்கல் படித்தவன் என்ற தைரியம். படித்து முடித்த நாள் முதல் கள்ளக்குறிச்சியில் ஒரு விதைக்கடையில் பில் போட்டுக்கொண்டிருப்பதை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

அக்கா வீட்டுக்காரர் ஏழுமலை மாமா லாரி ஓட்டியவர். உளுந்தூர்பேட்டைக்குப் பக்கத்தில் நடந்த விபத்தில் இடது காலை முழங்காலுக்குக் கீழே இழந்தார். அன்று நசுங்கிய கேபினுக்குள்ளிருந்து அவரை இழுத்து வெளியே போட்டவர், கூட வந்த இன்னொரு டிரைவர் லட்சுமணன். கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்குப் பக்கத்து ஊர்க்காரர். அவர் ஐந்து நிமிஷம் தாமதித்திருந்தால் என் அக்கா அன்றைக்கே தாலியை இழந்திருப்பாள்.

நான்கு வருடம் நாற்காலியிலேயே இருந்த மாமா, ஒருநாள் பழைய கார் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தார். கியர் தானாக மாறும் கார். கிளட்ச் இல்லை, வலது கால் ஒன்றே போதும். அந்த வண்டி வந்த பிறகுதான் மாமா மறுபடி சத்தமாகப் பேச ஆரம்பித்தார். காய்கறி வாங்கக்கூட காரை எடுத்தார். அக்கா கடைக்குள் போய் வரும்வரை ஸ்டியரிங்கைப் பிடித்தபடி ராஜா மாதிரி உட்கார்ந்திருப்பார்.

அந்தக் காரின் ரேடியேட்டர்தான் ஒழுக ஆரம்பித்தது. மாமா புது ரேடியேட்டரை வரவழைத்துவிட்டார். மெக்கானிக் மட்டும் “திங்கக்கெழம பாக்கலாம்” என்றார். அன்று வியாழக்கிழமை.

“ரேடியேட்டர்தான மாமா? நாலு போல்ட்டு, ரெண்டு ஹோஸ். நானே மாத்திடறேன்” என்றேன்.

“ஒனக்குத் தெரியுமாடா?”

“படிச்சதே அதான மாமா!”

(படித்தது உண்மை. அந்தப் பாடத்தில் இரண்டு முறை அரியர் வைத்ததை நான் சொல்லவில்லை.)

வெள்ளிக்கிழமை கடைக்கு லீவு போட்டுவிட்டு அக்கா வீட்டு வாசலில் காருக்கு அடியில் படுத்தேன். மாமா பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். தண்ணீரை இறக்கினேன், ஹோஸ்களைக் கழற்றினேன், எல்லாம் சுலபமாகவே நடந்தது. அப்போதுதான் ரேடியேட்டரின் அடியில் இரண்டு மெல்லிய இரும்புக் குழாய்கள் கண்ணில் பட்டன. இந்த மாதிரி வண்டியில் கியர் பெட்டிக்குள் ஓடும் எண்ணெய் ரொம்பச் சூடாகும். அதை ரேடியேட்டருக்குக் கொண்டுவந்து ஆற்றித் திருப்பி அனுப்பும் குழாய்கள் அவை. அவற்றைக் கழற்றாமல் ரேடியேட்டர் வெளியே வராது. செல்போனில் பார்த்த வீடியோவில் இது கட்டாயம் இருந்திருக்கும். நான்தான் நடுநடுவே ஓட்டிவிட்டுப் பார்த்தேன்.

முதல் குழாய் சமர்த்தாக வந்தது. இரண்டாவது குழாயின் நட்டு துருவேறி இறுகிக் கிடந்தது. அந்தச் சமயம் பார்த்து அக்கா மாமாவைச் சாப்பிடக் கூப்பிட்டாள். அவர் உள்ளே போனதும், வருவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று ஸ்பேனரை மாட்டி, காலை டயரில் உதைத்துக்கொண்டு முழு பலத்தோடு இழுத்தேன். நட்டு திரும்பியது. ஆகா என்று இன்னும் இழுத்தேன். நட்டோடு சேர்ந்து குழாயும் திரும்பிக்கொண்டிருந்தது. ஈரத்துணியைப் பிழிந்த மாதிரி முறுக்கிக்கொண்டு, ‘டொக்’ என்று இரண்டாக உடைந்தது. சிவப்பு எண்ணெய் என் சட்டைக்குள் ஒழுகியது.

அப்போதே “மாமா, உடைச்சிட்டேன்” என்று ஒரு குரல் கொடுத்திருக்கலாம்.

அதை விட்டுவிட்டு நான் பில் போடும் விதைக்கடைக்கு ஓடினேன். அங்கே மருந்தடிக்கும் ஸ்பிரேயருக்குப் போடும் ரப்பர் குழாய் இருந்தது. ஒரு ஜாண் நறுக்கிக்கொண்டு வந்து, உடைந்த இரண்டு முனைகளையும் அதற்குள் சொருகி, கிளிப் போட்டு இறுக்கினேன். புது ரேடியேட்டரை மாட்டி, எண்ணெய் வாங்கி ஊற்றி, வண்டியைத் தெருக்கோடி வரை ஓட்டிப் பார்த்தேன். ஒரு சொட்டு ஒழுகவில்லை. பூச்சிமருந்து போகிற குழாயில் கொதிக்கிற எண்ணெய் போகலாமா என்று என் டிப்ளமோ என்னைக் கேட்கவே இல்லை.

“எல்லாம் சரியாடா?” என்றார் மாமா.

“புது வண்டி மாதிரி மாமா.”

மறுநாள் காலையில் லட்சுமணனின் தம்பி போன் செய்தார். விடியற்காலையில் நெஞ்சுவலி, ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் முன்பே உயிர் போய்விட்டது, மதியம் இரண்டு மணிக்கு எடுக்கிறோம். மாமா போனைக் கீழே வைத்தார். பிறகு செயற்கைக் காலை மாட்டி வாரை இறுக்கினார்.

பத்தரை மணிக்குக் கிளம்பினோம். மாமா ஓட்டினார். பக்கத்தில் நான். பின்சீட்டில் ரோஜா மாலையும் கோடித்துணியுமாக அக்கா. கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணை தாண்டி, மலைப்பாதை ஏறத் தொடங்கினோம். ஐந்தாவது வளைவில் தீய்ந்த வாடை வந்தது.

“இன்னாடா நாத்தம் இது?”

“புது ரேடியேட்டர் மாமா. மொதல்ல அப்படித்தான் இருக்கும்.” (இதைச் சொன்ன வாயை என்ன செய்தாலும் தகும்.)

ஏழாவது வளைவில் வண்டிக்கு அடியில் ‘பட்’ என்று ஒரு சத்தம். என்ஜின் உறுமியது, வண்டி ஏறவில்லை. முன்னால் புகை எழுந்தது. பிறகு கார் மெல்ல மெல்லப் பின்னால் நகர்ந்தது. பின்னால் பள்ளம். மாமா பிரேக்கை மிதித்துக்கொண்டு “கல்லு வைடா!” என்று கத்தினார். நான் குதித்து இறங்கி, பெரிய கல்லைத் தூக்கி, ஓடிப்போய் முன்சக்கரத்துக்கு முன்னால் வைத்தேன்.

“பின்னாடி வைடா, பாவி!” என்று அக்கா மாலையோடு அலறினாள்.

கல்லைப் பின்சக்கரத்துக்குப் பின்னால் மாற்றி வைத்து, வண்டி நின்றதும் குனிந்து பார்த்தேன். என் ரப்பர் குழாய் இளகி, கழன்று தொங்கியது. தார் ரோட்டில் எண்ணெய் வழிந்தோடிக்கொண்டிருந்தது. அடுத்த பஸ் மூன்றரைக்குத்தான். போனில் சிக்னல் இல்லை. மேலே போன இரண்டு பைக்கிலும் மூன்று மூன்று பேர். மாமா காரைப் பூட்டினார். தடியை எடுத்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தார்.

ஏற்றத்தில் செயற்கைக் கால் சறுக்கிக்கொண்டே இருந்தது. ஒரு கிலோமீட்டர் போவதற்குள் அவர் வேட்டியில் ரத்தம் தெரிந்தது. “நான் தூக்கிக்கினு போறேன் மாமா” என்று முதுகைக் காட்டினேன். என் எடை ஐம்பத்திரண்டு, அவருடையது எண்பத்தைந்து. எட்டு அடி வைத்தேன். ஒன்பதாவது அடியில் இருவரும் ரோட்டோரம் விழுந்தோம். அக்கா எங்களைப் பார்த்து முதலில் சிரித்தாள், பிறகு அழுதாள். மாமா எழுந்து மறுபடி நடந்தார்.

மணி இரண்டரையைத் தாண்டிய பிறகு சிமெண்டு ஏற்றிய பிக்கப் ஒன்று நின்றது. மூட்டைகள் மேல் உட்கார்ந்து போனோம். போய் இறங்கியபோது மூன்று பேரும் தலை முதல் கால் வரை சாம்பல் நிறம். எங்களைப் பார்த்துக் குழந்தை ஒன்று வீறிட்டது. துக்க வீட்டில் அழுகை ஓய்ந்திருந்தது. பந்தலடியில் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

லட்சுமணனின் மனைவி எழுந்து வந்தார். “ஒங்களுக்காவத்தான் மூணு மணி வரிக்கும் வெச்சிருந்தோம்ண்ணா. மழ கட்டிக்கிச்சி, அதான் எடுத்துட்டாங்க.”

மாமா அவர் காட்டிய பக்கம் நடந்தார். வீட்டுக்குப் பின்னால் கொல்லைமேட்டில் ஈரமண் குவியல் இருந்தது. அதன் மேல் மாலையைப் போட்டு, பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்து செயற்கைக் காலைக் கழற்றி வைத்தார். மழை தூற ஆரம்பித்தது. நான் அவருக்குப் பக்கத்தில் குந்தி எல்லாவற்றையும் சொன்னேன். உடைந்த குழாய், ஸ்பிரேயர் ரப்பர், அரியர் வரைக்கும் சொன்னேன்.

அவர் மண்ணிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்.

“எத்தினி ஸ்பேனர் போட்ட?”

“ஒண்ணு மாமா.”

“மொதல்ல எண்ணெ வுட்டு ஊற வெக்கணும். அப்பறம் ஒண்ணால புடிச்சிக்கினு ஒண்ணால தொறக்கணும்.” என் பக்கம் திரும்பினார். “நான் சோறு துன்னத்தானடா உள்ள போனேன். ஒரு கொரலு குடுத்திருந்தா வந்திருக்க மாட்டனா?”

அவர் அடித்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

கியர் பெட்டி கருகிப்போயிருந்தது. பழைய இரும்பு வாங்குகிறவர் காரை இழுத்துக்கொண்டு போன அன்று மாமா வெளியே வரவில்லை. அதன் பிறகு ஒன்றரை வருடம், இன்னொரு கார் வரும்வரை, அவர் போக வேண்டிய இடத்துக்கெல்லாம் என் ஸ்கூட்டரில் நான்தான் கூட்டிப்போனேன். அந்த ஸ்கூட்டரில் ஒரு பல்பு மாற்ற வேண்டுமென்றாலும் மெக்கானிக்கிடம் விட்டேன்.

வருடா வருடம் லட்சுமணனின் நினைவு நாளுக்கு மலைக்குப் போகிறோம். அன்றைக்கு மட்டும் மாமா காரை எடுப்பதில்லை, பஸ்தான். ஏழாவது வளைவு நெருங்கும்போது அக்கா எல்லோருக்கும் கேட்கும்படி, “எந்திரிங்க எல்லாரும், என் தம்பி வளைவு வருது” என்பாள். அக்கா பிள்ளைகள் கை தட்டுவார்கள். பக்கத்து சீட்டுக்காரர்கள் விவரம் கேட்பார்கள், அக்கா ஆரம்பத்திலிருந்து சொல்வாள். கல்லை எங்கே வைத்தேன் என்பது வரை நடித்தே காட்டுவாள். நானும் சிரித்துவைப்பேன். மாமா மட்டும் சிரிக்காமல் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருப்பார். ஐந்து வருடமாக அப்படித்தான்.

போன முறை அக்கா கதையைச் சொல்லி முடித்ததும், மாமா சீட்டைப் பிடித்து மெல்ல எழுந்து நின்றார். பஸ் முழுக்க அவரைப் பார்த்தது.

“டிரைவரு, இந்த வளைவுல பாத்துப் போங்க. எங்க மச்சான் ஊத்தின எண்ணெ இன்னும் வழுக்கும்.”

சொல்லிவிட்டு உட்கார்ந்து, என் தோள்மேல் கையைப் போட்டுக்கொண்டார். வெள்ளிமலை வரும்வரை எடுக்கவில்லை.