மஞ்சள் கக்கிய எரிமலை

அமெரிக்காவில் மூன்றாம் வகுப்பு சயன்ஸ் ப்ராஜெக்ட் என்பது நம்மூர் அப்பாக்கள் ஒருவரோடு ஒருவர் மோதிக்கொள்வதற்காகவே ஏற்பட்டது. பிள்ளைகள் பெயர் மட்டும் கொடுப்பார்கள்.

2005 வாக்கில் அங்கே சுகர் லேண்ட் என்ற ஊரில் இருந்தோம். என் மகள் நித்யா இந்தோனேஷிய எரிமலைகளை எடுத்துக்கொண்டாள். வகுப்பில் வாயே திறக்காத குழந்தை. "இந்த ஒரு தடவையாவது நின்னு பேசிட்டாப் போதும்" என்று என் மனைவி கல்பனா வேண்டாத சாமி இல்லை. நித்யாவும் கண்ணாடி முன் நின்று, கடலடித் தட்டு இன்னொரு தட்டின் கீழே நழுவுவதையும், அதனால் தீவு தீவாக எரிமலைகள் கிளம்புவதையும் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள்.

நான் சும்மா இருப்பேனா? (எம்.எஸ்சி. கெமிஸ்ட்ரி. சோறு போடுவது என்னவோ சாஃப்ட்வேர்.) மாடல் எரிமலையின் லாவாவுக்கென்று கல்பனா வாங்கி வைத்திருந்த சிவப்பு ஃபுட் கலரைத் தூக்கி ஓரமாக வைத்தேன். பூஜை ஷெல்ஃபிலிருந்து மஞ்சளும் சுண்ணாம்பும் எடுத்துக் கரைத்தேன். ஆரத்தித் தண்ணீர்! என்ன ஒரு சிவப்பு! அதில் பேக்கிங் சோடாவைக் கலந்து பாட்டிலில் அடைத்தேன்.

"ஏங்க, ஒரு தடவை வினிகர் ஊத்திப் பாத்துடலாமே?"

"எனக்கே கெமிஸ்ட்ரி சொல்லித் தர்றியா?"

"அப்பா, இட்ஸ் மை ப்ராஜெக்ட்," என்றாள் நித்யா. யார் காதில் விழுந்தது?

மறுநாள் ஸ்கூல் ஜிம்மில், வெள்ளைச் சட்டை போட்ட ஜட்ஜ் குனிந்து பார்க்க, நித்யா ஆரத்தியை மலையின் வாயில் நிரப்பி வினிகரை ஊற்றினாள். புஸ்ஸென்று பொங்கியது, பளீர் மஞ்சளில். புளிப்பு பட்டால் ஆரத்தி மறுபடி மஞ்சளாகிவிடும் என்பது எட்டாம் வகுப்புப் பாடம். அடச்சீ! மேஜை, தரை, ஜட்ஜின் சட்டை எல்லாம் சாம்பார் கொட்டின மாதிரி ஆகிவிட்டது.

"ஒய் இஸ் த லாவா யெல்லோ?" என்று அவர் நித்யாவைக் கேட்டார்.

அவள் உதடு நடுங்கியது. போச்சு, இனி ஜென்மத்துக்கும் பேச மாட்டாள்! குறுக்கே பாய்ந்து, "சல்ஃபர்! இந்தோனேஷியாவில் லாவா முழுக்கக் கந்தகம்தான்," என்று ஆங்கிலத்தில் அளந்துவிட்டேன்.

நித்யா என்னை ஒரு முறை முறைத்தாள். பயம் போன இடம் தெரியவில்லை. அப்படி ஒரு கோபம்.

"நோ! தட்ஸ் ராங்!" என்று ஆரம்பித்தாள். கந்தகம் எரிமலை வாயோரம் படிவது, லாவா என்பது உருகின பாறை, கடலடித் தட்டு, தீவுகள் என்று மூச்சு விடாமல் பொரிந்து தள்ளினாள். கூட்டமே கூடிவிட்டது. கடைசியில் அந்த மஞ்சள் குளத்தைக் காட்டி, "தட் பார்ட், மை டாட் டிட் இட்," என்றாள்.

பரிசு வேறு யாருக்கோ போனது. கல்பனா பார்க்கிங் லாட்டில் குழந்தையைக் கட்டிக்கொண்டு அழுதாள். (என்னோடு பேச இரண்டு நாள் ஆனது.)

அன்று திறந்த வாயை நித்யா இன்னும் மூடவில்லை, வக்கீலாகிவிட்டாள். வீட்டில் ரசம் உப்புக் கரித்தாலும், நான் மாட்டிய ஷெல்ஃப் விழுந்தாலும், அம்மாவும் பெண்ணும் ஒரே குரலில் அந்த வசனத்தைச் சொல்வார்கள்.

போன மாதம் வருங்காலச் சம்பந்தியம்மா சாப்பிட வந்தபோது, "பொண்ணு என்ன தைரியமாப் பேசறா! யார் குடுத்த தைரியம்?" என்று கேட்டார்.

கல்பனா வாயெடுப்பதற்குள் நித்யா என்னைக் கைகாட்டினாள்.

"தட் பார்ட், மை டாட் டிட் இட்."