மேஜர் கோப்பை வாங்கிய விவரம்

விருத்தாசலம்
மே 28, வியாழக்கிழமை

அன்பும் பொறுமையும் நிறைந்த மாப்பிள்ளை வளவன் அவர்களுக்கு,

உங்கள் மாமனார் கொளஞ்சிநாதன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நான் நலம், உங்கள் அத்தை நலம். சென்னையில் நீங்களும் ஜெயஸ்ரீயும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். வழக்கமாக இந்த இடத்தில் வீட்டில் எல்லோரும் நலம் என்று எழுதிவிட்டு மழை பெய்ததா இல்லையா என்று ஆரம்பிப்பேன். இந்த முறை எல்லோரும் என்று எழுதக் கை வரவில்லை. உங்கள் நாய் மேஜர் நலமாக இல்லை. பதற வேண்டாம், உயிருக்கு ஒன்றுமில்லை, வேளாவேளைக்குச் சாப்பிடுகிறான். ஆனால் நடக்கமாட்டாமல் படுத்திருக்கிறான், அதற்குக் காரணம் நான். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

கையில் போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். போனை எடுத்ததும் "மாமா, கலக்கிட்டீங்க மாமா" என்று நீங்கள் ஆரம்பித்துவிடுகிறீர்கள், எனக்கு வாய் அடைத்துப்போகிறது. கல்யாணமான இந்த ஐந்து வருடத்தில் நீங்கள் என்னிடம் பேசியது "சாப்பிட்டீங்களா", "போயிட்டு வரேங்க" என்ற இரண்டுதான். கோப்பை வாங்கிய பிறகு இந்தப் பதினோரு நாளில் மட்டும் ஒன்பது தடவை மாமா என்று கூப்பிட்டிருக்கிறீர்கள். கோப்பையோடு நானும் மேஜரும் நிற்கும் போட்டோவை ஸ்டேட்டஸில் வைத்திருப்பதாக ஜெயஸ்ரீ சொன்னாள். அதைக் கேட்டதிலிருந்து சோறு இறங்கவில்லை. சரி, வாட்ஸப்பிலாவது எழுதலாம் என்றால் என் விரல் பட்டது போனுக்குத் தெரிவதில்லை. முப்பத்தொரு வருடம் பீங்கான் சூளையில் ஃபியூஸ் கட்டையும் டீக் கோப்பையும் சூடு ஆறுவதற்குள் இறக்கிய கை. ரேஷன் கடையில் ரேகை விழாது என்று உங்கள் அத்தைதான் போய் விரல் வைக்கிறாள். இந்தக் கையைப் பற்றி இவ்வளவு எழுதக் காரணம், நடந்தது எல்லாம் இந்தக் கையால் நடந்ததுதான்.

உங்கள் அபார்ட்மெண்டில் பெரிய நாய்க்கு இடமில்லை என்று, வேறு வீடு கிடைக்கும்வரை மேஜரை எங்களிடம் விட்டுப்போனீர்கள். நான்கு வருடம் நீங்களே பழக்கிய நாய். எங்கள் ஊர் செல்லப்பிராணிகள் சங்கம் நாய்களுக்குக் கீழ்ப்படிதல் போட்டி வைக்கிறது என்று தெரிந்ததும் நீங்களே பேர் கொடுத்துவிட்டு, "உங்களத்தான் நம்பியிருக்கேன்" என்று சொன்னீர்கள். அந்த ஒரு வார்த்தைக்காக நான் சிட், ஸ்டே, கம் என்று மூன்று இங்கிலீஷ் வார்த்தைகளையும் மொட்டைமாடியில் நின்று ஒரு வாரம் சொல்லிப் பழகினேன். மேஜருக்கு ஏற்கெனவே எல்லாம் தெரியும், பயிற்சி எனக்குத்தான்.

வெயில் காலத்தில் நாய்ப் போட்டி நடத்த விதிகள் உண்டு என்பதே எனக்குப் போட்டியன்றுதான் தெரியும். சங்கத்தின் செயலாளர் குருமூர்த்தி அவற்றை எங்கிருந்தோ வரவழைத்து, தமிழாக்கி, பெரிய ஃப்ளெக்ஸாகவே கட்டியிருந்தார். எட்டரை மணிக்குள் போட்டி முடிய வேண்டும். நாய்களுக்குப் பந்தல் வேண்டும், தண்ணீர்த் தொட்டி வேண்டும், கீழே ஈரச்சாக்கு விரிக்க வேண்டும். சப்பை மூக்கு நாய்களைச் சேர்க்கக் கூடாது. வெயில் அதிகம் என்று நினைத்தால் யாரும் விலகிக்கொள்ளலாம், அதில் இழுக்கு ஒன்றுமில்லை. விதிகளில் ஒரு குறை சொல்ல முடியாது. அன்றைக்கு அந்த ஃப்ளெக்ஸின் நிழலில் நாங்கள் நான்கு பேர் நின்றோம், அது வரைக்கும் அந்த விதிகளால் எங்களுக்கு உபயோகம் இருந்தது. காலை ஆறரைக்குத் தொடங்க வேண்டியது. சிறப்பு விருந்தினர் ஒரு காதுகுத்துக்குப் போயிருந்தார், அவர் வந்து விளக்கேற்றாமல் நாயை உட்காரச் சொல்வது மரியாதை இல்லை என்றார்கள். பதினொரு மணிக்கு வந்தார். பந்தலில் சோபா போட்டு அவரை உட்காரவைத்தார்கள். தொட்டித் தண்ணீரில் விருந்தினர்கள் கால் கழுவினார்கள். ஈரச்சாக்கு அவருடைய ஜூஸுக்கு வந்த ஐஸ் கட்டியைச் சுற்றப் போயிற்று. இடத்தைச் சொல்ல மறந்துவிட்டேனே, மூடிக்கிடக்கும் ஒரு பீங்கான் கம்பெனியின் சிமெண்டுக் களம். ஈரச் சாமானைக் காயவைப்பதற்கென்றே போட்ட களம், சுற்றி ஒரு செடி கிடையாது, இருந்தால் சாமான் எப்படிக் காயும்? தரை சமமாக இருக்கிறது, குப்பை இல்லை என்று முந்தின வாரக் கூட்டத்தில் ஒருமனதாகத் தேர்ந்தெடுத்தார்கள். நானும் கைதூக்கினேன்.

ஒன்பதாவது விதிதான் என்னைக் கவிழ்த்தது. போட்டி தொடங்குமுன் ஒருவர் தன் புறங்கையைத் தரையில் ஏழு வினாடி வைத்துப் பார்க்க வேண்டும், தாங்க முடியவில்லை என்றால் போட்டியைத் தள்ளிவைக்க வேண்டும். குருமூர்த்தி மைக்கைப் பிடித்து, "நம்ம ஊர்ல சூடு பாக்க ஆளா இல்ல? முப்பத்தொரு வருசம் சூளையில நின்னவரு நம்ம கொளஞ்சிநாதன் அண்ணன் வருவாருங்க" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். மாப்பிள்ளை, நான் ரிட்டையர் ஆன நாளில்கூட யாரும் கைதட்டவில்லை. புறங்கை என்பது எனக்கு மறந்தே போயிற்று. உள்ளங்கையை அகலமாக விரித்துத் தரையில் வைத்தேன், ஏழு வினாடி இல்லை, முழுதாக ஒரு நிமிடம். வைத்தபடியே மைக்கில் பழைய சூளைக் கதை ஒன்றும் சொன்னேன். "சூடுங்களா? வெதுவெதுன்னுதாங்க இருக்குது. தாராளமா நடத்தலாம்" என்று தீர்ப்பும் சொன்னேன். மணி பதினொன்று இருபது, கத்திரி வெயில். எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள்.

போட்டி இதுதான்: நாயை உட்காரவைத்து, அங்கேயே இரு என்று சொல்லிவிட்டு, பத்தடி தள்ளி மூன்று நிமிடம் நிற்க வேண்டும். நாய் எழுந்தால் போச்சு. மங்கலம்பேட்டைக்காரர் ஒருவருடைய சப்பை மூக்கு நாயை விதிப்படி நிறுத்தினார்கள். அவர் விடவில்லை, "எங்க வூட்ல எல்லாருக்குமே மூக்கு இப்படித்தாங்க, நாங்கள்லாம் வெயில்ல போவலியா?" என்று வாதாடி ஜெயித்தார். இறக்கிவிட்ட அடுத்த நொடி அந்த நாய் அவர் தோளில் ஏறிக்கொண்டது, அதற்கப்புறம் இறங்கவே இல்லை. கம்மாபுரம் கருப்பனின் நாய் ஒரு காலை மட்டும் களத்தில் வைத்தது, ஓடிப்போய் அவருடைய பைக் சீட்டில் ஏறி வீட்டுக்குப் போகலாம் என்று காத்திருந்தது. சேத்தியாத்தோப்பிலிருந்து வந்த கனகா என்ற பெண்ணின் நாட்டு நாய் கயிற்றை அறுத்துக்கொண்டு பந்தலுக்குள் ஓடி, சோபாவுக்கு அடியில் சிறப்பு விருந்தினரின் கால்களுக்கு நடுவே படுத்துவிட்டது. ஒன்பதில் எட்டு நாய்கள் இப்படியே போயின. எனக்கு அப்போதாவது உறைத்ததா? பழக்கம் பத்தாது, எங்கள் மாப்பிள்ளை மாதிரி பழக்க வேண்டும் என்று பக்கத்தில் நின்றவரிடம் பெருமையாகச் சொன்னேன்.

மேஜர் ஒன்பதாவது. சிட் என்றேன், உட்கார்ந்தான். ஸ்டே என்றேன், இருந்தான். பத்தடி தள்ளி நின்றேன். முன்னங்கால்களை ஒன்று மாற்றி ஒன்றாக லேசாகத் தூக்கித் தூக்கி வைத்தான், ஆனால் எழவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் கட்டைவிரலைக் காட்டிச் சிரித்தேன். நாயைத் தேடி ஓடியதில் செருப்பைத் தொலைத்திருந்த கனகா அப்போதுதான் களத்தில் கால் வைத்தார், வைத்ததும் "ஆத்தாடி!" என்று குதித்தார். "அண்ணே, செருப்பக் கழட்டிட்டு நில்லுங்கண்ணே! நின்னு பாருங்க!" என்று கத்தினார். கழற்றினேன். கைதான் மரத்த கை, சூளையில் முப்பத்தொரு வருடமும் காலில் பூட்ஸ் போட்டிருந்தேன். தோசைக்கல்லில் கால் வைத்ததுபோல் இருந்தது. குருமூர்த்தி மைக்கில், "இன்னும் இருவது செகண்டுங்க" என்றார்.

இனி எழுதப்போவதை உங்கள் அத்தையிடம்கூட நான் சொல்லவில்லை. நான் மேஜரைக் கூப்பிடவில்லை. செருப்பைத் திரும்ப மாட்டிக்கொண்டேன். இரண்டு நிமிடம் நாற்பது வினாடி இருந்துவிட்டான், இன்னும் இருபதுதானே என்று நினைத்தேன். கோப்பையோடு போட்டோ அனுப்பினால் நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று நினைத்தேன். கம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஓடிவந்திருப்பான், அந்த வார்த்தைக்காகத்தான் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் செருப்புக் காலோடு நின்று இருபதும் எண்ணி முடித்த பிறகு கூப்பிட்டேன். வந்து என் கையை நக்கினான். நான் அவமானத்தில் செத்துவிட்டேன் மாப்பிள்ளை, அதற்கப்புறம் போட்டோவுக்கு நின்றது என் உடம்புதான்.

முதல் பரிசு கொடுத்தார்கள். ஊர் முழுக்கப் பீங்கான், கோப்பை மட்டும் பிளாஸ்டிக். கனகா கிட்டே வந்து, "எம் நாய்க்குப் புத்தி இருக்குதுண்ணே. உங்க நாய்க்கு உங்கமேல நம்பிக்க இருக்குது" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். களத்தைத் தாண்டியதும் மேஜர் படுத்துவிட்டான். முப்பத்திரண்டு கிலோவையும் பொன்னாடையில் சுற்றித் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் ஏறினேன். நான்கு பாதமும் வெந்து, இரண்டில் கொப்பளம். டாக்டர் மருந்து தடவிக் கட்டுப் போட்டு, பத்து நாள் நடக்கவிடாதீர்கள் என்றார். உங்கள் அத்தை கட்டைப் பார்த்தாள், கோப்பையைப் பார்த்தாள், "உங்க கையக் கேட்டதுக்கு நாயோட காலக் கேட்டிருக்கலாமில்ல" என்றாள். அதுதான் அவள் கடைசியாக என்னிடம் பேசியது. மறுநாள் மணவாளநல்லூர் கோயிலுக்குப் போய், மேஜர் சார்பில் என்மேல் கொளஞ்சியப்பருக்குப் பிராதுச் சீட்டு எழுதிக் கட்டிவிட்டு வந்துவிட்டாள். என் பேரையே வைத்திருக்கிற சாமியிடம் என்மேலேயே பிராது. எதிர்க்கட்சி மனு ஒன்று எழுதலாமா என்று யோசித்தேன், என் பக்கம் சொல்ல ஒன்றுமில்லை.

எல்லாவற்றையும்விடப் பெரிய தண்டனை, அவன் இன்னும் நான் சொன்னதைக் கேட்கிறான். நான் இருமினால்கூடக் கட்டுப் போட்ட காலோடு எழுந்து வந்து எதிரே நிமிர்ந்து உட்கார்ந்து, அடுத்து என்ன என்று பார்க்கிறான். அதனால் இருமல் வந்தால் வாயைப் பொத்திக்கொண்டு கொல்லைப்பக்கம் ஓடுகிறேன். சாப்பாடும் அங்கேயே. இந்த வீட்டில் அவன் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. ஆகவே தயவுசெய்து அடுத்த சனிக்கிழமை நேரில் வந்து மேஜரை அழைத்துப்போய்விடுங்கள். வீடு கிடைக்கவில்லை என்றால் நல்ல நாய் விடுதியாகப் பார்த்து விடுங்கள். ஸ்டேட்டஸில் இருந்தும் அந்தப் போட்டோவை எடுத்துவிடுங்கள். இதைப் படித்தபின் நீங்கள் என்னை மாமா என்று கூப்பிடவே வேண்டாம், பழையபடி சாப்பிட்டீங்களா என்று கேட்டாலே பெரிய காரியம்.

நீங்களும் ஜெயஸ்ரீயும் எந்தக் குறையுமில்லாமல், வெயிலில் அலையாமல், நூறாண்டு வாழ வேண்டும் என்று ஆசீர்வதிக்கிறேன். கொளஞ்சியப்பர் உங்களுக்குத் துணை இருப்பார், எனக்கு இருப்பாரா என்று தெரியவில்லை.

இப்படிக்கு,
நாய் வளர்க்கத் தகுதியில்லாத உங்கள் மாமனார்,
கொளஞ்சிநாதன்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டி, தபாலில் போடாமல் மூன்று நாளாக வைத்திருந்தேன், திரும்பப் பிரித்து எழுதுகிறேன். கட்டு நேற்றே அவிழ்த்தாயிற்று. இன்று காலை மேஜரை வாசலுக்கு அழைத்துவந்தேன். சிமெண்டுப் படியில் வெயில் ஏறியிருந்ததை நான் கவனிக்கவில்லை, பழக்க தோஷத்தில் சிட் என்றுவிட்டேன். மேஜர் படியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், இறங்கிப் போய்த் தண்ணீர்த் தொட்டியின் நிழலில் எனக்கு முதுகைக் காட்டிப் படுத்துக்கொண்டான். கம் என்று மூன்று தடவை கூப்பிட்டேன். தமிழிலும் கூப்பிட்டேன். காதுகூட அசையவில்லை. உங்கள் அத்தை கதவில் சாய்ந்து நின்று சிரித்தாள். உங்களுடைய நான்கு வருடப் பயிற்சியும் பாழாகிவிட்டது மாப்பிள்ளை, மன்னித்துக்கொள்ளுங்கள். ஆனால் எனக்கு அதில் கொஞ்சமும் வருத்தமில்லை. சனிக்கிழமை அவனை அழைத்துப்போக வர வேண்டாம், அவன் இங்கேயே இருக்கட்டும். சும்மா பார்க்க வந்தால் மட்டும் சந்தோஷம். வந்தால் அவனைக் கூப்பிடாதீர்கள், வரமாட்டான். நாம்தான் எழுந்து அவனிடம் போக வேண்டும். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன், கொஞ்சம் நகர்ந்து நிழலில் எனக்கும் இடம் விட்டான்.