ஓர்பெல் சொன்ன 'போய் வருகிறேன்'

அன்பிற்கினிய சுகுமிக்கு,

ஆரஞ்சுப் பெட்டிகள் கடை வாசலுக்கு வந்து, கடல் காற்றில் காது மடல் சிவக்கும் இந்த நவம்பர் மாதத்தில், டோக்கியோவில் நீ சளி, காய்ச்சல் ஏதுமின்றி நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே நானும் உன் பெரியம்மா கிமியேவும் நலம். என் இடது முழங்கால் மட்டும் நலமில்லை. அதற்குக் காரணம் நீ வேலை பார்க்கும் ஸ்டுடியோ.

எட்டு வருடமாகப் புத்தாண்டு வாழ்த்து அட்டை தவிர வேறெதுவும் அனுப்பாத பெரியப்பா திடீரென்று பக்கம் பக்கமாக எழுதுகிறாரே என்று பயந்துவிடாதே. நம் குடும்பத்தில் யாரும் சாகவில்லை. செத்தது ஓர்பெல். கொன்றது நீங்கள். ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு வரும் 'உப்புக் கோட்டையின் ஏழு மணிகள்' என்ற பொம்மைப் படத் தொடரின் பதினோராம் அத்தியாயத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். அதில் பின்னணிக் காட்சிகள் வரைபவர்களில் நீயும் ஒருத்தி என்று உன் அப்பா ஊரெல்லாம் பெருமையடித்துக்கொண்டிருக்கிறான். ஆகவே தெரியாது என்று நழுவ முடியாது.

ஓர்பெல் யாரென்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் ஸ்டுடியோவில் யாருக்கும் அவன் அருமை தெரிந்ததாகத் தெரியவில்லை. ஒற்றைக் கொம்பு, நானூற்றுப் பன்னிரண்டு வயது, கோட்டையின் வாயிற்காவலன். காலையில் கதவைத் திறப்பான், மாலையில் மூடுவான், போகிறவர் வருகிறவரை எண்ணிக்கொள்வான். நாற்பத்தோரு வருடம் ரயில் நிலையத்தில் நான் செய்ததும் அதுதான். எனக்குக் கொம்பு மட்டும் இல்லை. ஆனால் கிமியேவைக் கேட்டால் இருந்தது என்பாள்.

அறுபத்தேழு வயதுக்காரன் எதற்கு பொம்மைப் படம் பார்க்கிறான் என்று உனக்குத் தோன்றும். உன் அக்கா, என் மகள் ரிட்சுகோதான் காரணம். நான்கு வருடத்துக்கு முன்னால் அவள் நகராட்சி வேலையை விட்டுவிட்டு ஒத்தாரு நகரத்தில் ஒரு தோழியோடு ரொட்டிக் கடை வைக்கப் போகிறேன் என்றாள். நான், "ரொட்டிதான் பெருசுன்னா அங்கயே சுட்டுக்கிட்டு கெட, இந்த வீட்டுப் பக்கம் வராத" என்று சொல்லிவிட்டேன். கோபத்தில் சொன்னதுதான். ஆனால் ரயில்வேக்காரன் மகள் அல்லவா, அறிவிப்பை அறிவிப்பாகவே எடுத்துக்கொண்டாள். பள்ளிக்கூடம் போகிற காலத்திலிருந்து ஒருநாளும் தவறாமல் "போயிட்டு வரேன்!" என்று கத்திவிட்டு ஓடியவள், அன்றைக்கு வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டு, நிதானமாகக் குனிந்து வணங்கி, "இத்தனை வருஷம் என்னைப் பாத்துக்கிட்டதுக்கு ரொம்ப நன்றி" என்றாள். வாடகை வீட்டைக் காலி செய்கிறவர்கள் வீட்டுக்காரரிடம் சொல்வது அது. அந்த ஒரு வாக்கியத்தோடு நான்கு வருடம் குடித்தனம் நடத்தினேன், சுகுமி.

அவள் அம்மாவோடு மட்டும் போனில் பேசுவாள். போன செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் அடித்தபோது கிமியேவின் இரண்டு கையிலும் மீன் செதில். வேறு வழியில்லாமல் நான் எடுத்தேன். அந்தப் பக்கம் ரிட்சுகோ. "உப்புக் கோட்டை பாத்தீங்களா?" என்றாள். அம்மா பார்க்கிற தொடராம் அது. நான், "பாத்தேன்" என்றேன். வாழ்க்கையில் நான் சொன்ன பொய்களிலேயே நல்ல பொய் அதுதான். அடுத்த வாரத்திலிருந்து உண்மையாகவே உட்கார்ந்து பார்த்தேன். ஒவ்வொரு ஞாயிறும் ஐந்து முப்பதுக்குத் தொடர் முடியும், ஐந்து முப்பத்தொன்றுக்கு போன் அடிக்கும். ஒரு நாள்கூட முப்பத்திரண்டு ஆனதில்லை. பேசுவதெல்லாம் கொம்பு, கோட்டை, பனி டிராகன் பற்றித்தான். வேறு ஒரு பேச்சும் கிடையாது. ஆனாலும் மகள் என்னோடு பேசினாள்.

இப்போது போன ஞாயிற்றுக்கு வருகிறேன். சிறுமி லினேயைக் கோட்டைக்குள் தள்ளிவிட்டு ஓர்பெல் தனியாகப் பாலத்தில் நடந்தான், டிராகன் வந்தது, பாலத்தில் விரிசல் விட்டது. சிக்னலைப் பார்த்தால் விரலை நீட்டி "சிக்னல், சரி!" என்று உரக்கச் சொல்ல வேண்டும் என்பது எங்கள் வேலையின் விதி. ஓய்வு பெற்று ஆறு வருடமாகியும் அடுப்பை அணைத்தால் "அடுப்பு, சரி!" என்று சொல்லாமல் எனக்குத் தூக்கம் வராது. அப்படிப்பட்டவன் விரிசலைப் பார்த்துவிட்டுச் சும்மா இருப்பேனா? எழுந்து நின்று விரலை நீட்டி, "பாலம், ஆபத்து! நிறுத்து! நிறுத்து!" என்று கத்தினேன். எழுந்த வேகத்தில், குளிருக்குக் காலை நுழைத்து உட்காரும் சூட்டு மேஜைக்கு அடியில் கால் மாட்டிக்கொண்டது. மேஜை கவிழ்ந்தது, சோயா சாஸ் கிமியேவின் புது ஸ்வெட்டரில் கொட்டியது, ஆரஞ்செல்லாம் உருண்டு டிவிக்கு அடியில் போனது, நானும் முழங்காலில் விழுந்தேன், ஓர்பெல்லும் பாலத்தோடு விழுந்தான்.

ஐந்து முப்பத்தொன்றுக்கு போன். ரிட்சுகோ குரலே சரியில்லை. "ஓர்பெல் இல்லேன்னா இனிமே நான் அதப் பாக்கப் போறதில்லப்பா" என்றாள். பார்க்காவிட்டால் போன் எதற்கு? சொல்ல ஆயிரம் இருந்தும் என் வாயில் வந்தது, "அப்படியா. சரி." அவ்வளவுதான். போனை வைத்துவிட்டாள்.

இதற்கு நடுவே கிமியே அழுதுகொண்டே தன் கைபேசியில் வட்டாரத் தலைவர் நுகதாவின் மனைவிக்கு போன் போட்டு, "ஓர்பெல் போயிட்டாருங்க, பாலம் இடிஞ்சு... ரிட்சுகோவும் ரொம்ப ஒடஞ்சு போயிட்டா" என்றிருக்கிறாள். அந்த அம்மாள் பொம்மைப் படம் பார்க்கிறவள் இல்லை. வயது என்ன என்று கேட்டதற்கு இவள் நானூற்றுப் பன்னிரண்டு என்று உள்ளதைச் சொல்ல, துக்கத்தில் நாக்குழறுகிறது என்று எண்ணி அவர்களே நாற்பத்திரண்டு என்று திருத்திக்கொண்டார்கள். திங்கட்கிழமை காலை வீடு வீடாகக் கைமாறிப் போகும் சுற்றறிக்கைப் பலகையில், குப்பை எடுக்கும் நாள் மாற்றத்துக்குக் கீழே, 'மறைவு: இனோகுமா குடும்பத்து மருமகன் திரு. ஓர்பெல் (42), வெளிநாட்டவர், பால விபத்து' என்று நுகதாவின் அழகான கையெழுத்தில் ஏறிவிட்டது. பலகை எங்கள் வீட்டுக்கு வருவதற்குள் பதினேழு வீட்டில் படித்ததற்கு அடையாளமாக முத்திரை குத்திவிட்டார்கள்.

பிறகு கேட்க வேண்டுமா? ஊதுபத்தி வந்தது, வெள்ளைச் செவ்வந்தி வந்தது, கருப்பு உடையில் ஆட்கள் வந்தார்கள். உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தால், "பேச வேணாம், பேச வேணாம், மனசு புரியுது" என்று கையைப் பிடித்துக்கொள்கிறார்கள். மீன் ஏலம் விடும் ஓய்ஷி, "ரொம்பத் தங்கமான மனுஷன், ஒருதடவ என்கூடப் படகுல வந்திருக்கார்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். எந்த வெள்ளைக்காரனைப் படகில் ஏற்றினாரோ! போகும்போது அவரே என் தோளைத் தட்டி, "கோவத்தையெல்லாம் விட்டுத் தள்ளுங்க சடயோஷி. பொண்ண அங்க தனியா விடாதீங்க, கூட்டிட்டு வந்துருங்க" என்றார். இல்லாத மருமகனுக்கு இரங்கல் சொல்ல வந்தவர் இருக்கிற மகளைப் பற்றிச் சொன்னதும் எனக்கு நிஜமாகவே அழுகை வந்துவிட்டது. பார்த்தவர்கள் எல்லாம் ஓர்பெல்லுக்காக என்று நினைத்தார்கள். அவனுக்காகவும் கொஞ்சம் அழுதேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பதிவு செய்த அத்தியாயத்தைத் திரும்பத் திரும்பப் போட்டு, விரல் நீட்டிச் சரிபார்த்துவிட்டேன். பாலத்தில் கால் வைப்பதற்கு முன் ஓர்பெல் லினேயிடம் என்ன சொன்னான்? 'போகிறேன்' என்று சொன்னானா? 'நன்றி' என்று சொன்னானா? இல்லை. "போய் வருகிறேன்" என்றான். அந்தக் குழந்தையும், "போய் வா" என்றது. இந்த நாட்டில் அப்படிச் சொல்லிவிட்டுப் போனவன் வந்து, "வந்துட்டேன்" என்று சொன்னால்தான் கணக்கு முடியும். வாசலில் சொல்கிற வார்த்தைக்கு என்ன எடை என்று என்னைவிட யாருக்கும் தெரியாது. எழுதியவர் இதைத் தெரிந்தேதான் எழுதினாரா, அல்லது கைபோன போக்கில் எழுதிவிட்டாரா? அதை மட்டும் விசாரித்து எனக்கு ஒரு வரி எழுது. அவன் உயிரோடு இருக்கிறான் என்றால் இன்றைக்கே ரிட்சுகோவுக்குச் சொல்லிவிடுவேன். இல்லை என்றால், இயக்குநரின் காலில் விழுந்தாவது பிழைக்க வை. கீழே ஆறு ஓடுவதை நான் பார்த்தேன். ஆற்றங்கரையில் ஒரு குடிசை வரைய உனக்கு எத்தனை நேரம் ஆகும்? மீதியை அவன் பார்த்துக்கொள்வான்.

கண்ணுக்கு ஓய்வு கொடு, வேலை இருக்கிறது என்று சாப்பாட்டைத் தள்ளாதே. உன் கையில் வரும் மலையும் மேகமும் நாளுக்கு நாள் மெருகேறட்டும். பெரியம்மாவும் உன்னை ஆசீர்வதிக்கிறாள்.

இப்படிக்கு,
உன் பெரியப்பா,
இனோகுமா சடயோஷி

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது போன் அடித்தது. இன்று புதன்கிழமை, மணி காலை பத்து, அதனால் மின்சார வாரியம் என்று நினைத்து எடுத்தேன். ரிட்சுகோ. "அப்பா, நான் விதவை ஆயிட்டேனாமே? நுகதா மாமி இப்பத்தான் போன்ல ஆறுதல் சொன்னாங்க" என்று சொல்லிவிட்டு மூச்சுவிட முடியாமல் சிரித்தாள். நான்கு வருடத்துக்குப் பிறகு அந்தச் சிரிப்பைக் கேட்டேன். அந்தத் தைரியத்தில், "பெரியப்பான்னு உரிமையா சுகுமிக்கு எழுதியிருக்கேன், ஓர்பெல்ல எப்படியும் காப்பாத்திருவா, நீ பாக்கறத நிறுத்திடாதம்மா" என்றேன். அவள், "அந்தக் கதைய நான் காலேஜ்லயே படிச்சு முடிச்சாச்சு. பதினாலு புத்தகம். அவன் என்ன ஆவான்னு எனக்கு அப்பவே தெரியும்" என்றாள். "பின்ன ஏன் வாரா வாரம் என்கிட்ட கேட்ட?" "வேற எதப் பேசினாலும் நீங்க போன வச்சிருப்பீங்களேப்பா. பாக்க மாட்டேன்னு சொன்னா, பரவால்ல, நீ போன் மட்டும் பண்ணுன்னு சொல்வீங்கன்னு பாத்தேன். நீங்க 'சரி'ன்னுட்டீங்க."

சனிக்கிழமை மதிய ரயிலில் வருகிறாள். ஆகவே சுகுமி, மேலே எழுதியது எதையும் செய்யாதே, யாரையும் விசாரிக்காதே. ஓர்பெல் செத்தால் செத்துவிட்டுப் போகட்டும்.