சாமி கை வைத்த இடம்

கிளிநொச்சியில் அந்த மாதம் இரண்டு வகை மனிதர்கள்தான் இருந்தார்கள். வஜ்ரக் காப்புப் போட்டவர்கள் ஒரு வகை. வஜ்ரக் காப்புக்காக வரிசையில் நின்றவர்கள் மற்ற வகை.

வரிசை ஏ9 வீதியோரக் கல்யாண மண்டபத்தில் தொடங்கி, சைக்கிள் கடையையும் தாண்டிப் போனது. பளையிலிருந்து பஸ்ஸில் வந்தார்கள். வவுனியாவிலிருந்து ரயிலில் வந்தார்கள். முல்லைத்தீவுக் கரையிலிருந்து வாடகை வான் பிடித்து வந்தார்கள். நெல் விலை விழுந்தவர், விசா மறுக்கப்பட்டவர், முழங்கால் நோகிறவர், மருமகள் முகம்கொடுத்துப் பேசாதவர், எல்லாருக்கும் ஒரே மருந்துதான்: மணிக்கட்டில் மாட்டும் ஒரு செப்பு வளையம். ஓம் பொறித்தது இருந்தது. சிலுவை பொறித்தது இருந்தது. பிறை பொறித்ததும் இருந்தது. செம்பு ஒன்று, அச்சு மூன்று. மத நல்லிணக்கத்துக்குக் கூட்டம் வைக்கிறவர்கள் வந்து படிக்கவேண்டிய இடம்.

காப்பைத் தருகிறவர் வஜ்ரானந்த அடிகள். துறவுக்கு முன்னர் அவருக்கு வீரகத்தி என்று பெயர். வயலுக்குத் தண்ணீர் இறைக்கிற பம்பிகளைத் திருத்தித் திரிந்தவர். எந்தப் பிடியை எந்த இடத்தில் பிடித்தால் அசையும், எந்த இடத்தில் பிடித்தால் அசையாது என்று பம்பி திருத்துகிறவனுக்குத் தெரியும். இதை நினைவில் வைத்திருங்கள். பின்னால் தேவைப்படும்.

மண்டப வாசலில் இரண்டு ஆள் உயரப் பதாகை ஒன்று நின்றது. அதில் அடிகளுக்குப் பக்கத்தில் நின்ற பெண்ணைப் பார்த்து ஆன்சலா திகைத்துப்போனாள். முகம் அவளுடையது. தோள் அவளுடையது. புடைத்த புயமும் அவளுடையது. சேலை மட்டும் அவளுடையதல்ல.

கொழும்பு மேடையில் அவள் உடுத்தியிருந்தது போட்டி விதிப்படியான இரண்டு துண்டு உடை. பதாகை அடித்தவன் அதற்கு மேல் கணினியால் ஓர் அரக்குச் சேலையைச் சுற்றிவிட்டிருந்தான். அவளுடைய ஊரான முள்ளிவாய்க்காலில், தகப்பன் பேரைச் சொல்லி, "யாக்கோப்புவின்ர பெட்டை உடுப்பில்லாமல் நிக்குது" என்று சொல்லிச் சொல்லி, அந்தப் படத்தைச் சனம் களவாக மட்டும் பார்த்தது. இப்போது சேலை கட்டிய அதே படத்தைக் கும்பிட்டுவிட்டு உள்ளே போனது. அடிகள் செய்த ஒரே உண்மையான அற்புதம் அந்தச் சேலைதான்.

படத்தின் கீழே கொட்டை எழுத்தில் இருந்தது: "இவளை வெல்ல வைத்தது எது? வஜ்ரக் காப்பு!"

தன்னை வெல்ல வைத்தது எது என்று ஆன்சலாவுக்கு நன்றாகத் தெரியும். பெண்கள் ஃபிட்னஸ் போட்டியில் இரண்டு சுற்று. முதல் சுற்றில் உடம்பைக் காட்டவேண்டும். இரண்டாவதில், அந்த உடம்பால் என்ன செய்யமுடியும் என்று காட்டவேண்டும்: பாட்டு ஒலிக்க, ஒற்றைக் கையில் தண்டால் எடுத்து, அப்படியே எழும்பிப் பாய்ந்து, கால்களை இரு பக்கமும் விரித்துத் தரையில் இறங்கி, இறங்கியபடியே சிரிக்கவும் வேண்டும். சிரிப்புத்தான் கடினம். அந்தச் சிரிப்புக்காக அவள் வருடக்கணக்கில் விடியமுன் எழும்பினாள். உப்பில்லாத மீன் தின்றாள். மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தவளுக்கு மீனே அலுத்துப்போகுமளவு தின்றாள். கொழும்பில் வென்றதால் அவளுக்குத் தொழில்முறைப் போட்டியாளர் தகுதி கிடைத்தது. அடுத்த மாதம் பாங்கொக்கில் முதல் தொழில்முறை மேடை.

அப்படியானால் காப்பு எங்கிருந்து வந்தது?

ஜோசப்பின் என்ற பெயருடைய அவளுடைய தாய், பக்கத்தில் நின்று தரையைப் பார்த்தாள்.

"அது வந்து பிள்ளை... கொழும்புக்குப் போகேக்க உன்ர சப்பாத்துப் பைக்குள்ள ஒண்டு வைச்சு விட்டனான். நீ வெண்டாப் பிறகு சாமியிட்டச் சொன்னனான். அவர் படம் கேட்டவர்."

"நீங்கள் குடுத்தனீங்களோ?"

"சேலை போட்டுத்தானே அடிச்சிருக்கினம்!"

உள்ளே வேடிக்கை தொடங்கியிருந்தது. சிவகரன் என்ற ஒலிவாங்கிக்காரன் பாலனை மேடைக்குக் கூப்பிட்டான். பாலனின் தோளுக்குள், போர்க்காலத்தில் விழுந்து வெடித்த செல்லின் துண்டொன்று இன்னும் இருக்கிறது. வைத்தியசாலையில் மாதாமாதம் கிளினிக். அடிகள் அவனுடைய வலது கையைப் பக்கவாட்டில் நேராக நீட்டச் சொன்னார். இரண்டு விரலால் அமத்தினார். கை பொத்தென்று விழுந்தது. காப்பை மாட்டினார். "தாங்கு மகனே!" என்று மறுபடி அமத்தினார். கை அசையவில்லை. மண்டபம் அதிர்ந்தது.

"உன் தோளில் இருப்பது செல் துண்டல்ல மகனே, செய்வினை! இனி உனக்குக் கிளினிக் எதற்கு?"

பாலன் அழுதான். சனம் காப்பைப் பார்த்தது. ஆன்சலா விரலைப் பார்த்தாள்.

ஜிம்மில் பெண்களுக்கு அவள் சொல்லிக்கொடுக்கிற முதல் பாடமே இதுதான். பாரத்தைத் தோளோடு வைத்திருந்தால் பிள்ளையும் தூக்கும். அதே பாரத்தைக் கையை நீட்டிப் பிடித்தால் பயில்வானுக்கும் நடுங்கும். அடிகள் முதல் முறை அமத்தியது மணிக்கட்டுக்குக் கிட்ட. காப்பு மாட்டிய பிறகு அமத்தியது முழங்கைக்கும் மேலே, தோளுக்குக் கிட்ட. முதல் முறை சொல்லாமல் அமத்தினார். இரண்டாம் முறை "தாங்கு" என்று சொல்லிவிட்டு அமத்தினார். அவ்வளவுதான் வஜ்ரம்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் இதைத் தாய்க்குச் சொன்னாள்.

"நான் அப்பிடியொண்டும் காணேல்லை" என்றாள் ஜோசப்பின்.

"நீங்கள் காப்பைப் பாத்தனீங்கள்."

"எல்லாரும் அதைத்தானே பாத்தவை!"

"சரி, அதை விடுங்கோ. பாஸ்போட்டைத் தாங்கோ. டிக்கெற் போடோணும்."

ஜோசப்பினின் கை கழுத்துக் கயிற்றுக்குப் போனது. அதில் மாதா பதக்கத்தோடு அலுமாரிச் சாவியும் தொங்கியது.

"இப்ப தரமாட்டன் பிள்ளை. பழைய காப்பின்ர சத்தி தீந்து போச்சாம். மூண்டு பறுவத்துக்கு, மூண்டு மாசம், நீ சாமியின்ர முகாமுகளில நிண்டு சேவை செய்யோணுமாம். அதுக்கு முன்னம் மேடையேறினால் தூக்கின கை இறங்காதாம்."

"அதுக்குள்ள என்ர போட்டி முடிஞ்சிடும் அம்மா!"

"போட்டி போனால் வேறை போட்டி வரும். கை போனால் வேறை கை வருமே?"

"அப்ப நான் தூக்கின பாரமெல்லாம்?"

"நீ தூக்கேல்லையெண்டு நான் சொன்னனே? ஆனால் முந்தின வருசமும்தானே தூக்கினனி, வெல்லேல்லையே! காப்பு வைச்ச வருசம்தானே வெண்டனி."

ஜோசப்பினின் வாதத்தில் ஒரே ஓர் ஓட்டைதான் இருந்தது. தோற்ற வருடத்துக்கும் வென்ற வருடத்துக்கும் நடுவில் ஒரு முழு வருடப் பயிற்சி இருந்தது. ஆனால் பயிற்சி சப்பாத்துப் பைக்குள் தெரியாது. காப்புத் தெரியும்.

அலுமாரிப் பூட்டு ஆன்சலாவுக்குப் பெரிய காரியமில்லை. ஓர் இழுவையில் வந்துவிடும். ஆனால் பெற்ற தாயே நம்பாத கையைத் தூக்கிக்கொண்டு பாங்கொக் மேடையில் எப்படிச் சிரிப்பது?

ஞாயிறு பின்னேரம் அவள் போட்டிப் பூச்சை எடுத்துக் கையில் பூசிப் பார்த்தாள். மேடை விளக்கின் வெளிச்சத்தில் தசையின் கோடுகள் அழிந்துபோகும். அதனால் போட்டியாளர் எல்லாரும், வெள்ளைக்காரியானாலும், உடம்பைக் கடும் மண்ணிறமாக்கிக்கொண்டுதான் ஏறவேண்டும். வெள்ளையாக்கும் களிம்பு விற்காத கடையே இல்லாத நாட்டில், கறுப்பாக்கும் பூச்சைத் தேடி வாங்குகிறவள் இவள்.

"இருக்கிற கறுப்புப் போதாதெண்டே இன்னும் பூசுறாய்?" என்று தேத்தண்ணியோடு வந்த ஜோசப்பின், மகளின் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். "ஐயோ, ஒட்டுது!"

பூச்சுக் காய நேரம் எடுக்கும். காயமுன் தொட்டால் தொட்ட இடம் அப்படியே கழன்று வரும். தாயின் விரல் பட்ட இடத்தில் ஆன்சலாவின் சொந்த நிறம் பளிச்சென்று தெரிந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, நாளைக்குச் சாமியிட்டப் போவம். சேவை செய்யிறன்."

ஜோசப்பின் சிலுவை அடையாளம் போட்டாள்.

அடுத்த நாள் கிளிநொச்சி ஜிம்மிலேயே புதிதாகப் பூசிக்கொண்டு, செட்டை விரித்த கோழி மாதிரிக் கைகளை உடம்பில் படாமல் வைத்தபடி ஆன்சலா மண்டபத்துக்குள் நுழைந்தாள். ஏன் இவ்வளவு கறுப்பு என்று யாரும் கேட்கவில்லை. எங்கள் சனம் கறுத்த பெண்ணிடம் காரணம் கேட்காது, பரிதாபப்படும்.

"பதாகையில் கண்ட வீரமங்கை நேரில் வருகிறார்!" என்று சிவகரன் கத்தினான்.

அடிகளுக்குப் பூரிப்பு. "காப்பின் சக்தி தீர்ந்த நிலையைப் பாருங்கள்!" என்றார். அவள் கையை நீட்டினாள். சொல்லாமல் கொள்ளாமல், மணிக்கட்டுக்குக் கிட்ட இரண்டு விரலால் ஓங்கி அமத்தினார். ஆன்சலா நேர்மையாகத்தான் தாங்கினாள். கை இறங்கத்தான் செய்தது.

அடிகள் ஆசி கூறக் கையை உயர்த்தினார். விரல் இரண்டும் மண்ணிறம். முன்வரிசை "ஆ!" என்றது. அடிகளும் பார்த்தார். ஒரு கணம் வீரகத்தி விழித்தார். மறுகணமே அடிகள் திரும்பி வந்துவிட்டார்.

"பார்த்தீர்களா! செய்வினைக் கறை! என் விரல் தொட்ட இடத்திலிருந்து வெளியேறுகிறது!"

மண்டபம் கும்பிட்டது. அடிகள் வஜ்ரக் காப்பை மாட்டினார். "தாங்கு மகளே!" முழங்கைக்கு மேலே அமத்தினார். கை அசையவில்லை. கைதட்டல் ஓய்வதற்குள் ஆன்சலா ஒலிவாங்கியை வாங்கிக்கொண்டாள்.

"சாமி, கறை வந்தது நீங்கள் தொட்ட இடத்தில இருந்துதானே?"

"ஆம் மகளே. தொட்ட இடத்திலிருந்து மட்டுமே."

"அப்ப அந்த இடத்தை எல்லாருக்கும் காட்டுவம்."

காப்பைக் கழற்றினாள். போட்டியில் நிற்பதுபோலப் பக்கவாட்டில் திரும்பி, கையை விளக்குக்கு நேரே பிடித்தாள். கடும் மண்ணிறக் கையில் இரண்டு இடத்தில் விரல் பட்ட அடையாளம். ஒன்று மணிக்கட்டுக்குக் கிட்ட. மற்றது முழங்கைக்கு மேலே.

"இது போட்டிக்குப் பூசுற பூச்சு. தொட்டால் கழரும். காப்பில்லாமல் சாமி தொட்டது இஞ்ச. காப்போட தொட்டது இஞ்ச. ஏன் சாமி இடம் மாறினது?"

"அருள் இட்டுச்செல்லும் இடத்துக்கு விரல்..."

"அது இருக்கட்டும். குழாய்க் கிணறு அடிக்கிற ஆக்கள் கையைத் தூக்குங்கோ."

வன்னியில் இதைக் கேட்டால் யார் தூக்காமல் இருப்பார்கள்? மண்டபமே கை தூக்கியது.

"பிடியின்ர நுனியில பிடிச்சு அடிப்பியளோ, அது பூட்டின ஆணிக்குக் கிட்டப் பிடிச்சு அடிப்பியளோ?"

முன்வரிசையில் இருந்த ஜெயரூபி என்பவளுக்குச் சிரிப்பு வந்தது. "இதென்ன கேள்வி தங்கச்சி? நுனியிலதான். கிட்டப் பிடிச்சால் ஆள் தொங்கினாலும் பிடி இறங்கா..."

திறந்த வாய் திறந்தபடி நின்றது.

"தோள்தான் ஆணி. கைதான் பிடி" என்றாள் ஆன்சலா. "அம்மா, மேல வாங்கோ."

ஜோசப்பின் தயங்கித் தயங்கி ஏறினாள். வலை இழுத்துக் காய்த்த விரல்கள். ஆன்சலா வஜ்ரக் காப்பைத் திரும்ப மாட்டிக்கொண்டு கையை நீட்டினாள். "மணிக்கட்டில அமத்துங்கோ." கை இறங்கியது. காப்பைக் கழற்றினாள். "இப்ப மேல அமத்துங்கோ." ஜோசப்பின் அமத்தினாள். பிறகு இரண்டு கையாலும் அமத்தினாள். பிறகு கால் தரையை விட்டு எழும்ப, மகளின் புயத்தில் ஒரு கணம் தொங்கினாள். கை அசையவில்லை.

ஜோசப்பின் இறங்கி நின்று அந்தக் கையைப் பார்த்தாள். காப்பு இல்லாத கை. அவள் பெற்ற கை.

பிறகு மெதுவாகத் திரும்பினாள்.

"சாமி, உங்கட கையை ஒருக்கா நீட்டுங்கோ பாப்பம்."

"தவம் செய்த உடலைப் பெண்கள்..."

"நீட்டுங்கோ சாமி!" என்று பின்னாலிருந்து பாலன் கத்தினான். மண்டபம் முழுக்க அதையே கத்தியது.

அடிகளின் கையில் ஏழு காப்பு. நீட்டினார். ஜோசப்பின் "தாங்குங்கோ" என்று சொல்லவில்லை. மணிக்கட்டில் இரண்டே விரல். கை சரிந்தது. ஏழு வஜ்ரமும் கலகலவென்று வழுக்கி விரல் வரைக்கும் வந்தன. ஒன்று கழன்று உருண்டு போய் முன்வரிசையில் விழுந்தது. யாரும் எடுக்கவில்லை.

"டேய் சிவகரன், லைட்டை நூரடா!" என்றார் அடிகள், துறவுக்கு முந்தைய தமிழில்.

லைட்டை அணைத்தார்கள். வெளியே பட்டப்பகல். அந்த வெளிச்சத்தில், அடிகள் பின் கதவால் வான் ஏறுவது எல்லாருக்கும் வடிவாகத் தெரிந்தது.

"அக்கா, நாளைக்குக் கிளினிக் நாள்தானே?" என்று பாலன் யாரையோ கேட்டுக்கொண்டு போனான்.

வாசலில், பதாகையில் சேலை கட்டி நின்ற தன் மகளுக்குக் கீழே நின்று, ஜோசப்பின் கழுத்துக் கயிற்றை அவிழ்த்தாள். பதக்கத்தை வைத்துக்கொண்டு சாவியைக் கொடுத்தாள்.

"இந்தா. ஆனால் மேடையால இறங்கின உடன ஒரு துவாயை எடுத்துப் போடு."

"போடுறன் அம்மா."

"அந்தச் சப்பாத்துப் பையையும் ஒருக்கா உதறிப் பார். இன்னும் ரெண்டு கிடக்கும்."

இந்தக் கதை இங்கே முடிந்திருக்கலாம். முடியவில்லை. ஜெயரூபி மெதுவாகக் கிட்ட வந்தாள்.

"தங்கச்சி, செய்வினையைப் பிடிச்சுக் குடுத்த அந்தப் பூச்சில கொஞ்சம் இருக்கோ? பெடிக்குச் சோதினை வருது. நெத்தியில ஒரு பொட்டு..."

ஆன்சலா அவளை ஒருமுறை பார்த்தாள்.

"அக்கா, பெடியைப் படிக்கச் சொல்லுங்கோ. நீங்கள் பின்னேரம் ஜிம்முக்கு வாங்கோ. பாரம் தூக்குவம்."

வஜ்ரானந்தர் இன்னும் தொழிலை விடவில்லை என்று கேள்வி. உங்கள் ஊருக்கும் வருவார். காப்புக்குப் பதில் கயிறோ தகடோ கொண்டு வருவார். அப்போது அவர் காட்டுகிற பொருளைப் பார்க்காதீர்கள். கை எங்கே வைக்கிறார் என்று பாருங்கள். அதைப் பிடிக்க ஆன்சலாவின் பூச்சு உங்களுக்குத் தேவையில்லை. கண் போதும். அந்தக் கண்ணுக்குப் பின்னால் ஒன்று சும்மா கிடக்கிறதே, அதையும் இடைக்கிடை பாரம் தூக்க விட்டால் போதும்.